தடை விழுந்த ஸ்விட்ச் கையில் இருந்தால்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: முன்பின் அறியாத ஒருவரிடமிருந்து பழைய நின்டெண்டோ ஸ்விட்ச் (வீடியோ கேம் கருவி) ஒன்றை வாங்கினேன். ஆட்ட அட்டைகளைப் போட்டு ஒரு மாதம் விளையாடியபோது எந்தக் குறையும் தெரியவில்லை. பிறகு இணையத்தில் இணைத்து என் கணக்கைச் சேர்க்க முயன்றபோது 2124-4007 என்ற பிழை எண் வந்தது. விற்றவரைக் கேட்டால், தான் கருவியை 'மோட்' செய்திருந்ததாகவும் (அதாவது, நிறுவனத்தின் அனுமதியில்லாமல் மாற்றியமைத்திருந்ததாகவும்) அதனால் தடை விழுந்திருக்கலாம் என்றும் சாதாரணமாகச் சொல்கிறார். தவறு செய்யாத நான் முறையிட்டால் தடையை நீக்குவார்களா? நீக்க மாட்டார்கள் என்றால், இந்தக் கருவியால் இனி எனக்கு என்ன பயன்?

பதில்: நீங்கள் குறிப்பிடும் எண், அந்தக் கருவி ஆன்லைன் சேவைகளிலிருந்து விலக்கப்பட்டுள்ளது என்பதற்கான அறிவிப்பு. தடை உங்கள் மீது விழவில்லை, உங்கள் கணக்கின் மீதும் விழவில்லை. கருவியின் மீதே விழுந்திருக்கிறது. ஒவ்வொரு ஸ்விட்சுக்குள்ளும் அதற்கு மட்டுமே உரிய மின்னணுச் சான்றிதழ் ஒன்று தொழிற்சாலையிலேயே பதிக்கப்படுகிறது. கருவி நின்டெண்டோவின் சர்வரோடு பேசத் தொடங்கும்போதெல்லாம் அந்தச் சான்றிதழைக் காட்டித்தான் உள்ளே நுழைகிறது. அது ஒருமுறை தடைப் பட்டியலில் ஏறிவிட்டால், கருவியை யார் வைத்திருக்கிறார்கள் என்பதை சர்வர் பார்ப்பதில்லை. கருவியைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பினாலும், நினைவக அட்டையை மாற்றினாலும், மேலுறையையும் பேட்டரியையும் புதிதாகப் போட்டாலும் சான்றிதழ் அதுவேதான்.

முறையிடுவதில் தவறில்லை. வாங்கிய ரசீதையும் விற்றவரோடு நடந்த உரையாடலையும் இணைத்து, வாடிக்கையாளர் சேவைக்கு ஒருமுறை எழுதிப் பாருங்கள். ஆனால் மாற்றியமைத்ததற்காக விழுந்த தடையை, கருவி கைமாறிவிட்டது என்ற காரணத்துக்காக நீக்குவார்கள் என்று நம்பிக் காத்திருக்காதீர்கள். பழைய ஆட்ட அட்டை ஒன்றை வாங்கிப் போட்டதால் தடைக்குள்ளான ஒருவர், அட்டையை வாங்கியதற்கான ஆதாரத்தைக் காட்டித் தடையை நீக்கிக்கொண்டதாக 2025-இல் செய்தி வந்தது உண்மை. ஆனால் அவருடைய கருவியில் யாரும் கை வைத்திருக்கவில்லை. உங்கள் கருவியின் நிலை அதுவன்று. உங்கள் பணம் திரும்பக் கிடைக்கும் வழி விற்றவரிடம்தான் இருக்கிறது. பொருளின் முக்கியமான குறையை மறைத்து விற்றார் என்பதே உங்கள் வாதம். விற்பனை ஏதேனும் ஒரு தளத்தின் வழியாக நடந்திருந்தால், பிழை எண் தெரியும் திரையைப் படமெடுத்து, அந்தத் தளத்தின் புகார்க் காலக்கெடு முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள். 'மோட் செய்திருந்தேன்' என்று அவரே எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தால் அதைவிட வலுவான சான்று வேறில்லை. அந்தச் செய்தியை அழியாமல் பாதுகாத்து வையுங்கள்.

பணம் திரும்பாது என்று முடிவாகிவிட்டால், கருவியின் பயனைப் பற்றிப் பேசலாம். தடை விழுந்த ஸ்விட்சைக் குப்பை என்று சொல்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. 'ஆன்லைன் மட்டும்தான் வராது' என்று சொல்லி விற்பவர்களோடும் உடன்படுவதில்லை. ஆட்டம் முழுவதும் அடங்கிய அட்டைகள் முன்போலவே இயங்கும். 2017-இல் வந்த 'ப்ரெத் ஆஃப் தி வைல்டு' போன்ற ஒரு செல்டா ஆட்டத்தைத் தொடங்கி முடிக்க இணையம் தேவையே இல்லை. பக்கத்தில் இருப்பவரின் ஸ்விட்சோடு உள்ளூர் வயர்லெஸ் முறையில் சேர்ந்து விளையாடலாம். இருவரிடமும் உள்ள ஆட்டப் பதிப்புகள் வேறுபட்டால், அருகிலிருக்கும் கருவியிலிருந்தே புதிய பதிப்பை வாங்கிக்கொள்ளும் வசதியும் மெனுவில் இருக்கிறது. இது பலருக்குத் தெரியாது. சிஸ்டம் அப்டேட் சில அட்டைகளுக்குள்ளேயே வருவதால், புதிய ஆட்டம் ஒன்று அப்டேட் கேட்டாலும் பெரும்பாலும் வழி அடைபடாது.

இழப்புகளையும் சொல்ல வேண்டும். நின்டெண்டோவின் இணையக் கடையான ஈ-ஷாப்பில் எதையும் வாங்கவோ இறக்கவோ முடியாது. 'ஸ்பிளட்டூன் 3' போல ஆன்லைன் போட்டியையே உயிராகக் கொண்ட ஆட்டங்களில் தனியாள் பகுதியும் உள்ளூர் வயர்லெஸ் ஆட்டமும் மட்டுமே மிஞ்சும். பழைய ஆட்டங்களின் சந்தாத் தொகுப்பும் உங்களுக்கு இல்லை. அது ஏழு நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தில் இணைந்து உறுதிசெய்யப்பட வேண்டியது. சில அட்டைகளின் பெட்டியில் 'பதிவிறக்கம் தேவை' என்ற குறிப்பு இருக்கும். அட்டைக்குள் ஆட்டத்தின் ஒரு பகுதிதான் இருக்கிறது, மீதியை இணையத்திலிருந்து இறக்க வேண்டும் என்பது அதன் பொருள். அத்தகைய அட்டையை நீங்கள் வாங்கவே கூடாது. எல்லாவற்றையும்விட நான் பெரிதாக நினைக்கும் இழப்பு வேறொன்று: ஸ்விட்சில் ஆட்டத்தின் சேமிப்புகள் ஆட்ட அட்டையிலோ மெமரி கார்டிலோ இருப்பதில்லை, கருவியின் உள் நினைவகத்தில் இருக்கின்றன. இணையச் சேமிப்பு இல்லாத நிலையில் கருவி ஒருநாள் பழுதானால், நூறு மணி நேரம் ஆடியதும் அதோடு போய்விடும். 1989-இல் வந்த கேம் பாயை வைத்திருந்தவர்கள் இணையச் சேமிப்பு இல்லாமல்தான் வாழ்ந்தார்கள் என்று சொல்லி மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். ஆனால் அந்த ஆட்டங்கள் நூறு மணி நேரம் கேட்டவை அல்ல.

கேள்வி: தடை விழுந்தது என் சொந்தக் கருவியில். இதுவரை டிஜிட்டலாக வாங்கிய ஆட்டங்கள் எல்லாம் போய்விட்டனவா?

பதில்: போகவில்லை. வாங்கிய ஆட்டங்கள் கணக்குக்கு உரியவை. கணக்குக்கும் சேர்த்துத் தடை விழாதவரை, வேறொரு ஸ்விட்சில் அதே கணக்கோடு நுழைந்து அவற்றை மீண்டும் இறக்கிக்கொள்ளலாம். 2025 ஏப்ரலில் 'விர்ச்சுவல் கேம் கார்டு' முறை வரும் வரை, தடை விழுந்த கருவி உங்கள் கணக்கின் முதன்மைக் கருவியாகப் பதிவாகியிருந்தால், அதில் ஏற்கெனவே இறக்கி வைத்தவை இணையமின்றியே தொடர்ந்து திறந்தன. முதன்மை அல்லாத கருவி ஒவ்வொரு முறையும் சர்வரிடம் அனுமதி கேட்டதால், அதில் அந்த ஆட்டங்கள் அடைபட்டுவிட்டன.   தடை விழுந்த அந்தக் கருவியில் உங்கள் கணக்கை இனி வைத்திருக்க வேண்டாம். கருவிக்கு விழுந்த அடி கணக்குக்கும் விழுந்தால், அதுவரை வாங்கியவை அனைத்துக்கும் ஆபத்து.

கேள்வி: பழுது பார்க்கும் ஒருவர், கட்டணம் கொடுத்தால் தடையை 'எடுத்துத் தருவதாக' உறுதி கூறுகிறார். நம்பலாமா?

பதில்: வேண்டாம். தடைப் பட்டியல் இருப்பது நிறுவனத்தின் சர்வரில். எந்தப் பழுதுபார்ப்பவரின் மேசையிலும் அது இல்லை. அவரால் செய்யக்கூடியது, வேறொரு கருவியின் சான்றிதழை உங்கள் கருவிக்குள் நகலெடுத்துப் போடுவது ஒன்றே. அந்தச் சான்றிதழ் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். உடைந்த கருவியிலிருந்து எடுத்தது என்பார். அதே சான்றிதழை உங்களுக்கு முன்னால் எத்தனை பேருக்கு விற்றார் என்பதை நீங்கள் அறிய வழியில்லை. ஒரே அடையாளம் இரண்டு கருவிகளிலிருந்து வருவதை சர்வர் கண்டால், அந்த அடையாளத்துக்கும் தடைதான். கொடுத்த பணத்துக்கு ரசீது கிடைக்காது. சட்டப்படியும் இது நல்ல இடத்தில் நிற்கும் வேலை அன்று. கருவியின் பாதுகாப்புப் பூட்டை உடைப்பது பல நாடுகளில் தடைசெய்யப்பட்டது. அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டு டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டம் இதற்கெனவே ஒரு பிரிவை வைத்திருக்கிறது. ஸ்விட்சுக்கான மோட் கருவிகளை விற்ற குழுவைச் சேர்ந்த ஒருவருக்கு 2022-இல் அங்கே 40 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

கேள்வி: பழைய ஸ்விட்ச் ஒன்று வாங்க விரும்புகிறேன். தடை இருக்கிறதா என்று முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிப்பது? வரிசை எண்ணைக் கொண்டு பார்க்க முடியும் என்கிறார்களே?

பதில்: வரிசை எண்ணைக் கொடுத்துத் தடை நிலையை அறியும் பொதுவான பக்கம் எதையும் நின்டெண்டோ வைத்திருக்கவில்லை. ஆர்வலர்கள் தொகுத்த எண் பட்டியல்கள், எந்தக் கருவி மாற்றியமைக்க எளிதானது என்பதை மட்டும் சொல்கின்றன. 2018 ஏப்ரலில் வெளியே தெரியவந்த ஒரு பாதுகாப்பு ஓட்டை, ஸ்விட்சின் முதல் தொகுதிகளில் இருந்த டெக்ரா எக்ஸ்1 என்ற முதன்மைச் சில்லின் (சிப்) நிரந்தர நினைவகத்திலேயே இருந்தது. அதை எந்த அப்டேட்டாலும் அடைக்க முடியவில்லை. அதற்குப் பின் தயாரானவற்றில் சில்லையே திருத்தினார்கள். ஆகவே 2019-இல் வந்த அதிக பேட்டரி நேரமுள்ள மாதிரி, ஸ்விட்ச் லைட், 2021-இல் வந்த ஓலெட் மாதிரி ஆகியவற்றை மாற்றியமைக்க வேண்டுமானால் உள்ளே ஒரு சிப்பைச் சாலிடர் செய்தாக வேண்டும். முதல் தொகுதிக் கருவிக்கு அது தேவையில்லை, எனவே வெளியில் ஒரு கீறலும் இருக்காது. பழைய கருவி என்பதாலேயே பாதுகாப்பானது என்று எண்ணிவிட வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

கருவியை நேரில் பாருங்கள். வைஃபை இணைந்ததைக் காட்டினால் போதாது; விற்பவரின் கணக்கிலேயே ஈ-ஷாப்பைத் திறந்து ஒரு பக்கம் முழுமையாக வருவதைப் பாருங்கள். 'வீட்டில் வைஃபை இல்லை' என்று சொன்னால் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டைக் கொடுங்கள். அதற்கும் தயங்குபவரிடம் வாங்காதீர்கள். பின்பக்கத்தில் உள்ள, தலையில் மூன்று கோடு வெட்டிய ஆணிகளின் தலை தேய்ந்திருக்கிறதா, ஏதாவது ஆணி இல்லையா என்று பாருங்கள். மெமரி கார்டைக் கழற்றிவிட்டு, கருவியை முழுவதுமாக அணைத்து மீண்டும் இயக்கச் சொல்லுங்கள். மாற்றியமைத்த சில கருவிகள் கார்டு இல்லாமல் கறுப்புத் திரையோடு நின்றுவிடும். அதைப் பார்த்து 'சார்ஜ் இல்லை' என்பார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் இரவெல்லாம் சார்ஜ் போட்டுவிட்டு, இறந்த கருவியை வாங்கிவிட்டோம் என்று வருந்தியவர்கள் உண்டு.

இவை அனைத்தும் தேறினாலும் ஓர் ஐயம் மிஞ்சும். மாற்றியமைத்த நாளன்றே தடை விழுவதில்லை; கருவி இணையத்தில் இணையும்போது அனுப்பும் பதிவுகளைக் கொண்டு சில நாள், சில வாரம் கழித்தும் விழலாம். இன்று ஈ-ஷாப் திறப்பது அடுத்த மாதத்துக்கு உத்தரவாதம் ஆகாது. எனவே 'இந்தக் கருவி மாற்றியமைக்கப்படவில்லை' என்ற ஒரு வரியை விற்பவரிடமிருந்து எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். அதை எழுதித் தர நேர்மையானவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

கேள்வி: ஸ்விட்ச் 2-க்கும் இதே விதிதானா? என் நண்பர், தாம் வாங்கிய ஆட்டங்களையே நகலெடுத்து ஒரே அட்டையில் போட்டு விளையாடினார். அவருக்கும் தடை விழுந்துவிட்டது.

பதில்: விதி அதுதான், பிடி இன்னும் இறுக்கம். கருவி 2025 ஜூன் 5 அன்று வெளியானது; அந்த மாதத்துக்குள்ளேயே நகல் அட்டைகளைப் பயன்படுத்தியவர்களின் கருவிகளுக்குத் தடை விழத் தொடங்கியது. உங்கள் நண்பர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஒவ்வோர் ஆட்ட அட்டைக்கும் தனி அடையாளம் உண்டு. நகல் அட்டை காட்டும் அடையாளத்தைக் கொண்டு, அதற்குப் பின்னால் அலமாரியில் அசல் இருக்கிறதா இல்லையா என்பதை சர்வரால் அறிய முடியாது. தன் பொருளைத் தன் வசதிக்காக நகலெடுப்பவரையும் திருடுபவரையும் ஒரே தராசில் நிறுத்துவது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனாலும் நடைமுறை அதுவே.

ஸ்விட்ச் 2-இல் தடையின் விலையும் கூடுகிறது. 'கேம்-கீ கார்டு' என்ற பெயரில் விற்கப்படும் அட்டைகளில் ஆட்டம் இல்லை, அதை இறக்கிக்கொள்வதற்கான சாவி மட்டுமே இருக்கிறது. தடை விழுந்த கருவியில் அந்தச் சாவி எந்தக் கதவையும் திறக்காது. மேலும் 2025 மே மாதத்தில் அமெரிக்கப் பயனர்களுக்கான ஒப்பந்தம் திருத்தப்பட்டபோது, விதிகளை மீறினால் கருவியையே பகுதியாகவோ முழுவதுமாகவோ நிரந்தரமாகச் செயலிழக்கச் செய்யலாம் என்ற உரிமையையும் நிறுவனம் எழுதிக்கொண்டது.

கேள்வி: தடை விழுந்த என் ஸ்விட்சை விற்கலாமா?

பதில்: விற்கலாம், ஆனால் 'ஆன்லைன் தடை உண்டு' என்பது விளம்பரத்தின் முதல் வரியில் இருக்க வேண்டும், கடைசி வரியில் அல்ல. நகல் ஆட்டங்கள் உள்ள மெமரி கார்டைச் சேர்த்து விற்காதீர்கள். அது தனிக் குற்றமாகிவிடும். உங்கள் கணக்கை நீக்கி, கருவியைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பிய பிறகே கொடுங்கள். உள்ளே சிப் வைத்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். உண்மையைச் சொன்னால் விலை குறையும். ஆனால் இணையமே தேவைப்படாத சிறு பிள்ளைக்காகவும், உதிரிப் பாகங்களுக்காகவும் இத்தகைய கருவியைத் தேடுபவர்கள் இருக்கிறார்கள். விற்காமல் அலமாரியில் வைப்பதானால், ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது சார்ஜ் செய்யுங்கள். அப்படியே கிடந்தால் பேட்டரி மீண்டும் சார்ஜ் ஏறாத நிலைக்குப் போய்விடலாம்.

கேள்வி: எனக்குக் கிடைக்கவிருப்பது ஸ்விட்ச் அல்ல, அதற்கு முந்தைய நின்டெண்டோ கையடக்கக் கருவியான பழைய 3டிஎஸ். அதுவும் மாற்றியமைத்துத் தடை விழுந்தது. தவிர்க்கலாமா?

பதில்: தடையைக் காரணம் காட்டித் தவிர்க்க வேண்டியதில்லை. 3டிஎஸ்-இன் ஈ-ஷாப்பில் புதிதாக வாங்குவது 2023 மார்ச் மாதத்தோடு முடிந்தது. ஆன்லைன் ஆட்டச் சேவையும் 2024 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. தடையில்லாத கருவி வைத்திருப்பவருக்கும் இப்போது அந்த வசதி இல்லை. கீல் தளர்ந்திருக்கிறதா, பேட்டரி உப்பியிருக்கிறதா, கீழ்த்திரையின் தொடுதல் நான்கு மூலைகளிலும் சரியாகப் பதிகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.