இ.எல்.ஓ.வைப் பற்றிக் கேட்டீர்களே

இ.எல்.ஓ., அதாவது எலெக்ட்ரிக் லைட் ஆர்கெஸ்ட்ரா என்ற ஆங்கில ராக் குழுவைப் பற்றி இந்த முறை பேசலாம் என்று சொன்னதுதான் தாமதம், கேள்விகள் குவிந்துவிட்டன. பாதிப் பேர் 'மிஸ்டர் ப்ளூ ஸ்கை' பாட்டோடு நின்றவர்கள். அதில் தப்பே இல்லை, நானும் அங்கிருந்துதான் ஆரம்பித்தேன். அந்தப் பாட்டைத் தாண்டிக் கேட்டவர்களுக்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்லியிருக்கிறேன், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராக் குழுவில் செல்லோவும் வயலினும் எதற்கு சார்? யாருடைய யோசனை அது?

ராய் வுட்டின் யோசனை. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் 'தி மூவ்' என்ற குழுவை நடத்திக்கொண்டிருந்தவர். பீட்டில்ஸின் 'ஐ ஆம் த வால்ரஸ்' பாட்டில் செல்லோக்கள் உறுமுமே, அதை மேடையிலேயே வாசிக்கிற ஒரு குழு வேண்டும் என்பது அவர் கனவு. பீட்டில்ஸ் 1966-லேயே மேடைக் கச்சேரிகளை நிறுத்திவிட்டதால் அந்த இடம் காலியாகவே கிடந்தது. அதே ஊரில் 'ஐடில் ரேஸ்' குழுவில் இருந்த ஜெஃப் லின் 1970-ல் மூவில் வந்து சேர்ந்ததற்குக் காரணமே இந்தப் புதுத் திட்டம்தான். டிரம்ஸுக்கு பெவ் பெவன். மூன்று பேரும் மூவ் பெயரில் பழைய கணக்கைத் தீர்த்துக்கொண்டே பக்கத்தில் இதையும் பதிவு செய்தார்கள்.

முதலில் வந்தது '10538 ஓவர்ச்சர்'. மூவின் ஏதோ ஒரு சிங்கிளுக்கு (பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சின்னத் தட்டு) பின்பக்கப் பாட்டாக லின் கொண்டுவந்தது. மற்றவர்கள் கிளம்பிய பிறகு ராய் வுட் தான் வாங்கி வைத்திருந்த மலிவு விலை சீனச் செல்லோவை எடுத்து, ஜிமி ஹென்ட்ரிக்ஸ் கிட்டாரில் வாசிப்பது மாதிரி இழுக்க ஆரம்பித்தார். அதன் மேலேயே இன்னொரு தடவை, அதன் மேல் மறுபடியும் என்று பதினைந்து தடவைக்குப் பக்கம் அடுக்கினார்கள். ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள். சபாவில் கேட்கிற செல்லோ அல்ல அது, மரம் அறுக்கிற சத்தம். அந்தக் கரகரப்புதான் எனக்கு இந்தக் குழுவின் உயிர். 1972-ல் இங்கிலாந்துப் பட்டியலில் 9-வது இடம் வரை போனது.

அந்த எண் என்ன என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். பாட்டில் வருகிற கைதியின் எண். லின் கண்ணில் பட்டது பதிவு மேசையில் இருந்த 1053. மெட்டுக்கு ஒரு அசை குறைந்ததால் கடைசியில் 8 சேர்ந்தது.

முதல் ஆல்பத்துக்கு அமெரிக்காவில் மட்டும் 'நோ ஆன்சர்' என்று ஏன் பெயர்?

ஆல்பத்தின் பெயர் என்ன என்று கேட்க அமெரிக்கக் கம்பெனியிலிருந்து லண்டனுக்கு போன் போட்டார்கள். யாரும் எடுக்கவில்லை. 'பதில் இல்லை' என்று குறிப்பெழுதி வைத்தார்கள். குறிப்பைப் பார்த்தவர் அதையே பெயராக அச்சடித்துவிட்டார். அவ்வளவுதான் கதை.

ஆரம்பக் கச்சேரிகள் கேட்கவே முடியாத அளவுக்கு மோசம் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். 1972 ஏப்ரலில் குரோய்டன் என்ற இடத்தில் ஒரு பப்பில் முதல் கச்சேரி. கிட்டாரையும் டிரம்ஸையும் மீறிச் செல்லோ கேட்க வேண்டும். மைக் வைத்தால் டிரம்ஸ் சத்தமும் சேர்ந்து உள்ளே போகும், ஒலியைக் கூட்டினால் ஊளையிடும். அந்தக் காலத்துக் கருவிகளுக்கு இது சக்திக்கு மீறின வேலை. சில மாதங்களிலேயே ராய் வுட் விலகிப்போய் 'விசார்ட்' குழுவைத் தொடங்கிவிட்டார். செல்லோ வாசித்த ஹியூ மெக்டவலும் அவரோடு போய், அடுத்த வருடமே திரும்பி வந்தார். கனவு கண்டவர் போய்விட்டார், கனவு லின் கையில் தங்கிவிட்டது.

அந்த நாட்களின் மேடைச் சத்தம் வேண்டுமென்றால் 'தி நைட் த லைட் வென்ட் ஆன் இன் லாங் பீச்' கேளுங்கள். 1974 மே மாதம் கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் பதிவானது. ஒலித்தரம் சரியில்லை என்று சொந்த நாட்டில் 1985 வரை வெளியிடவில்லை, ஜெர்மனியில் அப்போதே வந்தது. ஒலி சுமார்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மிக் கமின்ஸ்கி தன் நீல வயலினில் 'ஆரஞ்ச் பிளாசம் ஸ்பெஷல்' என்ற நாட்டுப்புற மெட்டை ரயில் வேகத்தில் ஓட்டுவதும், நார்வே இசையமைப்பாளர் கிரீக்கின் 'மலையரசன் மண்டபம்' நடுவில் திரும்பிப் பழைய ராக் அண்ட் ரோலுக்குள் குதிப்பதும் ஸ்டுடியோ ஆல்பம் எதிலும் கிடைக்காது. அந்தக் குழுவில் செல்லோ வாசித்த மைக் எட்வர்ட்ஸ் மேடையில் ஆரஞ்சுப் பழத்தைத் தந்திகள் மேல் உருட்டி வாசிப்பாராம். ஒலித்தட்டில் அதைப் பார்க்க முடியாதே என்பதுதான் என் குறை.

அண்ணா, முழு ஆர்கெஸ்ட்ரா எப்போது வந்தது?

1974-ல், 'எல்டொராடோ' ஆல்பத்தில். அதுவரை இரண்டு மூன்று பேரின் தந்திகளை ஒன்றன் மேல் ஒன்றாகப் பதிவு செய்து கூட்டம் மாதிரி காட்டிக்கொண்டிருந்தார்கள். இதில் லூயி கிளார்க் ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதிக் கொடுத்தார். ஒரு சாதாரண மனிதன் கனவில் வேறு உலகங்களுக்குப் போய்வரும் கதை. முதலில் கதை, பிறகுதான் பாட்டு. 'உன் பாட்டில் மெட்டே இல்லையே' என்று லின்னின் அப்பா குத்திக்காட்டியதற்குப் பதிலாக வந்ததுதான் 'கான்ட் கெட் இட் அவுட் ஆஃப் மை ஹெட்'. அமெரிக்காவில் 9-வது இடம். சொந்த நாட்டில் அது எடுபடவே இல்லை. அப்பாவை ஜெயித்தாரா என்பதை நீங்களே கேட்டு முடிவு செய்யுங்கள். என்னைக் கேட்டால் ஆம்.

ரெக்கார்டைத் தலைகீழாகச் சுற்றினால் சாத்தான் பேசுமாமே?

தம்பி, பேசுவது டிரம்மர் பெவ் பெவன். எல்டொராடோ வந்த பிறகு அப்படி ஒரு வதந்தி கிளம்பியது. கடுப்பான லின் அடுத்த ஆல்பமான 'ஃபேஸ் த மியூசிக்'கில் (1975) வேண்டுமென்றே ஒன்றை வைத்தார். 'ஃபயர் ஆன் ஹை' தொடக்கத்தில் கனத்த குரலில் ஏதோ உளறல் வரும். திருப்பிப் போட்டால், இசையைத் திருப்பலாம், காலத்தைத் திருப்ப முடியாது, திரும்பிப் போ என்று அறிவுரை. 1983-ல் ஆல்பத்துக்கே 'சீக்ரெட் மெசேஜஸ்' என்று பெயர் வைத்துக் கிண்டலை முடித்தார்.

'டோன்ட் பிரிங் மீ டவுன்' பாட்டில் "புரூஸ்" என்று யாரைக் கூப்பிடுகிறார்?

யாரையும் இல்லை. மெட்டில் ஒரு இடைவெளி இருந்தது, லின் வாய்க்கு வந்த 'குரூஸ்' என்ற சத்தத்தைப் போட்டு நிரப்பினார். பதிவு செய்த ஜெர்மன் இன்ஜினியர் மாக், எங்கள் மொழியில் 'வாழ்த்துகள்' மாதிரி கேட்கிறதே என்றாராம், அப்படியே விட்டுவிட்டார்கள். ஜனங்கள் காதில் அது புரூஸ் ஆனது. பிறகு மேடையில் லின்னே புரூஸ் என்று பாட ஆரம்பித்துவிட்டார்.

அந்தப் பாட்டில் கவனிக்க வேண்டியது வேறு. தந்தி வாத்தியமே கிடையாது. ஆல்பத்தின் இன்னொரு பாட்டுக்கு வாசித்த டிரம்ஸ் துண்டை நாடா வளையமாக்கி, வேகத்தைக் குறைத்து ஓடவிட்டு, அதன் மேல் கட்டியது. 1979-ல் அவர்களுடைய பெரிய வெற்றிகளில் அதுவும் ஒன்று. செல்லோ இல்லாமலே வண்டி ஓடும் என்று தெரிந்ததும் கமின்ஸ்கி, மெக்டவல், மெல்வின் கேல் மூவருக்கும் வேலை போனது. எந்த வாத்தியத்துக்காகக் குழு பிறந்ததோ அதையே வெளியே அனுப்பினார்கள். ரசிகனாக எனக்கு இன்னும் ஆறாத இடம் அது.

அப்படியானால் 1981-ன் 'டைம்' ஆல்பம் உங்களுக்குப் பிடிக்காதா?

அதுதான் வேடிக்கை, ரொம்பப் பிடிக்கும். எதிர்காலத்தில் மாட்டிக்கொண்டவனின் கதை, ஒலி முழுக்க சின்தசைசர். ரிச்சர்ட் டாண்டியின் விரல்கள் இல்லாமல் அந்த ஆல்பமே இல்லை. அதன் 'ட்வைலைட்' பாட்டை 1983-ல் ஜப்பானிய மாணவர்கள் ஒரு அறிவியல் புனைகதை மாநாட்டின் தொடக்கக் கார்ட்டூனுக்குப் போட்டார்கள். டைகான் 4 என்று தேடுங்கள். அந்தப் பையன்கள்தான் பிறகு கைனாக்ஸ் ஸ்டுடியோவை ஆரம்பித்தார்கள். டைம் காலத்துப் பின்பக்கப் பாட்டுகளையும் விட்டுவிடாதீர்கள். 'வென் டைம் ஸ்டுட் ஸ்டில்', 'ஜூலி டோன்ட் லிவ் ஹியர்' இரண்டும் சிங்கிளின் மறுபக்கத்தில் ஒளிந்து கிடந்தவை. இரண்டாவதை ஆல்பத்தில் சேர்க்காததற்கு எனக்கு இதுவரை காரணம் புரியவில்லை.

பலரும் கேட்காத பதிவுகளில் உங்கள் முதல் தேர்வு எது?

யோசிக்காமல் சொல்வேன், 'ஹலோ மை ஓல்ட் ஃப்ரெண்ட்'.

சீக்ரெட் மெசேஜஸை லின் இரட்டை ஆல்பமாகத்தான் முடித்து வைத்திருந்தார். இரண்டு தட்டு என்றால் செலவு தாங்காது என்று கம்பெனி ஒன்றாகச் சுருக்கச் சொல்லிவிட்டது. வெட்டுப்பட்டவற்றில் பெரியது இந்தப் பாட்டு, கிட்டத்தட்ட எட்டு நிமிடம். பழைய நண்பன் என்று அவர் கூப்பிடுவது பர்மிங்ஹாமை, தான் வளர்ந்த தொழிற்சாலை ஊரை. வெயிலும் நீலவானமுமாகப் பாடின ஆள் இங்கே மழை ஈரமும் புகையுமாக, 'வால்ரஸ்' செல்லோவின் நடையையே திரும்பப் பிடித்து ஊரைச் சுற்றி வருகிறார். ராய் வுட்டின் பழைய கனவுக்கு லின் எழுதின கடிதம் மாதிரி எனக்குப் படும். 1990-ல் 'ஆஃப்டர்க்ளோ' என்ற பெட்டித் தொகுப்பில்தான் முதலில் வெளிவந்தது. 'மாண்டலே' என்ற சோகப் பாட்டும் அதே தொகுப்பில் வந்தது. 2018-ல் ஒருவழியாக இரட்டைத் தட்டாகவே வெளியிட்டார்கள், அப்போதும் 'பீட்டில்ஸ் ஃபாரெவர்' என்ற பாட்டை மட்டும் லின் உள்ளே விடவில்லை.

அப்புறம் 'சரெண்டர்', 'லாட்டிட்யூட் 88 நார்த்'. இரண்டும் எழுபதுகளில் அரைகுறையாக விட்டவை. 2006, 2007-ல் பழைய ஆல்பங்களை மறுவெளியீடு செய்தபோது லின் உட்கார்ந்து முடித்துக் கொடுத்தார். நன்றாக இருக்கின்றன, ஆனாலும் 1976-ன் குழுவா 2006-ன் லின்னா என்று காது சந்தேகப்படும். 1973-ல் மார்க் போலன் வந்து கிட்டார் வாசித்த 'ட்ரீமிங் ஆஃப் 4000' பதிவில் அப்படிச் சந்தேகமே வராது. நாலு பேர் ஒரே அறையில் இருப்பது தெரியும்.

முதல் ஆல்பத்தின் 'பேட்டில் ஆஃப் மார்ஸ்டன் மூர்' எப்படி என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 1644 போரைப் பற்றிய ராய் வுட்டின் படைப்பு. இதற்கு வாசிக்க மாட்டேன் என்று பெவன் மறுத்துவிட, டிரம்ஸையும் வுட்டே வாசித்தார். ஒரு தடவை கேளுங்கள், போதும்.

மற்ற உறுப்பினர்கள் தனியாக ஏதும் செய்தார்களா?

கமின்ஸ்கி 'வயலின்ஸ்கி' என்று ஒரு குழு வைத்து 1979-ல் 'கிளாக் டான்ஸ்' என்ற சிங்கிளை 17-வது இடம் வரை கொண்டுபோனார். லூயி கிளார்க் 1981-ல் 'ஹூக்ட் ஆன் கிளாசிக்ஸ்' செய்தார். பீத்தோவனையும் மொசார்ட்டையும் டிஸ்கோ தாளத்தில் கோத்த தொகுப்பு, உங்கள் மாமா யாராவது கேசட் வைத்திருப்பார். பெவன் நடத்திய 'இ.எல்.ஓ. பார்ட் டூ' பற்றியும் கேட்டிருக்கிறார்கள். மேடைக்குச் சரி.

கதை முடிந்துவிட்டதா ஐயா?

1986-ல் ஒருமுறை முடிந்தது. லின் ஜார்ஜ் ஹாரிசன், டாம் பெட்டி என்று தயாரிப்பு வேலைக்குப் போனார். 2001-ல் 'ஜூம்' ஆல்பத்தோடு திரும்பினார், டிக்கெட் விற்காமல் அமெரிக்கப் பயணம் ரத்து. 2014-ல் லண்டன் ஹைட் பார்க்கில் தயங்கித் தயங்கி மேடை ஏறியபோது ஐம்பதாயிரம் பேர் நின்றார்கள். பக்கத்தில் பியானோவில் டாண்டி. 2024 மே மாதம் டாண்டி காலமானார். 2025 ஜூலையில் பர்மிங்ஹாமில் வாசித்தார் லின். கடைசிக் கச்சேரி என்று அறிவித்த அதே ஹைட் பார்க் நிகழ்ச்சி அவர் உடல்நிலையால் நடக்கவில்லை.

'மிஸ்டர் ப்ளூ ஸ்கை' முடியும்போது ஒரு இயந்திரக் குரல் என்ன சொல்கிறது? எனக்கு 'மிஸ்டர் ப்ளூ ஸ்கை' என்றுதான் கேட்கிறது.

எனக்கும் பல வருடம் அப்படித்தான் கேட்டது. 1977-ல் லின் சுவிட்சர்லாந்து மலையில் ஒரு மரவீட்டில் உட்கார்ந்து 'அவுட் ஆஃப் த ப்ளூ' பாட்டுகளை எழுதினார். பல நாள் மழை, மூட்டம், ஒன்றும் நகரவில்லை. ஒருநாள் வெயில் வந்தது, இந்தப் பாட்டும் வந்தது. இரட்டை ஆல்பத்தின் மூன்றாம் பக்கம் முழுக்க மழைநாள் கச்சேரி, அதன் கடைசிப் பாட்டு இது.

நான் கேட்டது ஒரு நண்பர் 90 நிமிட கேசட்டில் பதிந்து கொடுத்தது. ஒரு பக்கத்தில் இரண்டு எல்.பி. பக்கங்கள் அடங்கியதால் அந்தக் குரல் நாடாவின் நட்டநடுவில் வரும். பிளேயர் நாடாவைக் கடிக்கிறது என்று பதறி ஓடிப்போய் நிறுத்துவேன். எடுத்துப் பார்த்தால் நாடா நன்றாகத்தான் இருக்கும். பின்னால் எல்.பி. கிடைத்தபோதுதான் விளங்கியது. மூன்றாம் பக்கம் முடிகிறது, குரலை இயந்திரக் குரலாக்கும் வோகோடர் கருவி வழியாக ரெக்கார்டே நம்மிடம் சொல்கிறது: தயவுசெய்து என்னைத் திருப்பிப் போடு.