எப்போதாவது ஓடும் லொறிக்கு எந்தப் பற்றரி சார்ஜர்? (கேள்வி பதில்)

திருகோணமலையில் வாகன வயரிங் வேலை செய்கிறேன். மாதக்கணக்கில் நிற்கும் லொறியிலும் கெப்பிலும் நிரந்தரமாகப் பூட்டி வைக்கும் பராமரிப்பு சார்ஜர் (நிற்கும் வாகனத்தின் பற்றரியை இறங்கவிடாமல் நிறைந்தபடி வைத்திருப்பது) பற்றிக் கேட்டவர்களுக்கான பதில்கள் இவை. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். கேள்விக்கு முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர்.

கிண்ணியா: அண்ணா, நெல் ஏற்றுகிற பழைய லொறி. பெரும்போக அறுவடை முடிந்தால் சிறுபோகம் வரைக்கும் பெரிய ஓட்டமில்லை. எடுக்கப் போகிற நேரமெல்லாம் பற்றரி இறங்கிக் கிடக்கிறது. என்ன சார்ஜர் வாங்கலாம்?

நானா, சார்ஜர் வாங்க முதல் ஒரு மல்டிமீற்றர் வாங்குங்கள். பற்றரி தானாக இறங்குகிறதா, லொறி அதை உறிஞ்சுகிறதா என்று தெரியாமல் எதைப் பூட்டினாலும் காசுக்குக் கேடு.

திறப்பைக் கழற்றி, கதவுகளைச் சாத்தி, அரை மணி நேரம் விடுங்கள். பிறகு நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பற்றரி முனைக்கும் நடுவில் மீற்றரை 10 அம்பியர் இடத்தில் வைத்துப் பாருங்கள். மீற்றர் அப்படி இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணக் கூடாது, லைட்டும் போடக் கூடாது, மீற்றரின் பியூஸ் போய்விடும். கம்பியூட்டர் உள்ள புதிய வாகனத்தில் 50 மில்லி அம்பியர் வரை காட்டினால் குறை சொல்ல முடியாது. அந்த 50 கூட ஒரு நாளைக்கு 1.2 அம்பியர் மணி, மாதத்துக்கு 36. அதாவது 70 அம்பியர் மணிப் பற்றரியில் பாதி! உங்களுடையது போன்ற பழைய லொறியில் கிட்டத்தட்ட பூச்சியம்தான் வரவேண்டும். அதற்கு மேல் காட்டினால் பியூஸ்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். எதை இழுக்கும்போது எண் விழுகிறதோ அங்கேதான் கசிவு. பெரும்பாலும் பிறகு பூட்டிய ரேடியோ, அலாரம், ஜீபிஎஸ் பெட்டி ஆகியவற்றில் ஒன்றாக இருக்கும். எந்தப் பியூஸை இழுத்தும் விழவில்லை என்றால் ஓல்டனேற்றரின் (எஞ்சின் ஓடும்போது பற்றரிக்குச் சார்ஜ் தருவது) டயோட்டைச் சந்தேகிக்கலாம்.

பழைய லொறிக்கு என் முதல் தெரிவு, பற்றரியை வாகனத்திலிருந்து முழுதாகத் துண்டிக்கும் மெயின் சுவிட்ச்தான். சார்ஜர் அதற்குப் பிறகு.

அதே கிண்ணியா: அப்போ சுவிட்சை அணைத்துவிட்டால் சார்ஜரே தேவையில்லையா?

ஒரு மாதம் என்றால் தேவையில்லை. மூன்று நான்கு மாதம் என்றால் தேவை. ஈயப் பற்றரி சும்மா இருந்தாலும் உள்ளுக்குள் இறங்கும். வெப்பம் 10 பாகை கூடினால் அந்த வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும். கச்சான் காற்று வீசும் ஜூன், ஜூலையில் தகரக் கொட்டிலுக்குள் என்ன சூடு என்று உங்களுக்கே தெரியும். சார்ஜ் செய்து, சில மணி நேரம் ஓயவிட்டு அளந்தால் 12.6 வோல்ற்றுக்கு மேல் இருப்பது நிறைந்த பற்றரி. 12.4 என்றால் முக்கால்வாசி, 12.2 என்றால் பாதி. 12.4க்குக் கீழே நாட்கணக்கில் கிடந்தால் தகடுகளில் சல்பேற்று படிந்து இறுகத் தொடங்கும். இறுகிவிட்டால் பிறகு எந்தச் சார்ஜராலும் முழுதாக மீட்க முடியாது.

நிலாவெளி: எங்கள் விடுதியின் டபுள் கெப், 12 வோல்ற். நவம்பர் தொடக்கம் மார்ச் வரை கராஜில்தான். பக்கத்தில் பிளக் இருக்கிறது. சீடெக், நோகோ, விக்ட்ரோன் என்ற மூன்று கம்பனிச் சார்ஜர்களில் எது?

மூன்றும் நல்லவைதான். பெயரை விட்டுவிட்டு வேறு சிலதைப் பாருங்கள்.

முதலாவது சூடு. இந்தச் சார்ஜர்களில் பல குளிர்நாட்டுக்காரர் செய்தவை. பற்றரி சூடாக இருந்தால் தாங்குவோல்ற்றை, அதாவது நிறைந்த பற்றரியைத் தாங்கிப் பிடிக்கக் கொடுக்கும் வோல்ற்றை, குறைக்க வேண்டும், 12 வோல்ற் பற்றரிக்குப் பாகைக்கு ஏறத்தாழ 18 மில்லிவோல்ற். 25 பாகையில் 13.6 கொடுக்கிற சார்ஜர் 40 பாகையில் 13.3 அளவில் கொடுக்கவேண்டும். அப்படிக் குறைக்காத சார்ஜர் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தால் பற்றரித் தண்ணி வற்றிப்போகும். ஆகவே வெப்பத்துக்கு ஏற்ப வோல்ற்றைத் திருத்தும் வசதி இருக்கிறதா என்று பெட்டியில் பார்த்து வாங்குங்கள். பனித்துளிப் படம் போட்ட ஒரு நிலை சிலவற்றில் இருக்கும், அது 14.7 அளவுக்கு ஏற்றும். ஏஜிஎம் எனும் தண்ணி ஊற்றத் தேவையில்லாத மூடிய பற்றரி சிலவற்றுக்கும் அந்த நிலையையே சொல்வார்கள். தண்ணி ஊற்றும் சாதாரணப் பற்றரியென்றால் திருகோணமலையில் அந்தப் பொத்தானுக்கு வேலையில்லை.

இரண்டாவது, கரண்ட் போய் வந்தபின் தானாக விட்ட இடத்திலிருந்து தொடங்குமா? சில மலிவானவை பொத்தானை அமுக்கும்வரை சும்மா நிற்கும். மாரியில் எத்தனை தடவை கரண்ட் போகிறது, அதைக் கவனிக்க நீங்கள் அங்கே இருக்கப் போவதில்லை. வாங்கும்போதே கடையில் பிளக்கைக் கழற்றிப் பூட்டிப் பாருங்கள்.

மூன்றாவது உப்புக்காற்று. கடலுக்குப் பக்கத்தில் ஐபி எண்ணைப் (தூசு, தண்ணீர் புகாத அளவு) பாருங்கள். ஐபி 65 என்பது தண்ணீர் தெளிப்பைத் தாங்கும், ஐபி 67 சிறிது நேரம் மூழ்கினாலும் தாங்கும். விக்ட்ரோனின் ஐபி 67 வரிசை, வாகனத்திலேயே திருகிப் பூட்டவென்று நோகோ செய்யும் 2 அம்பியர் ஜீனியஸ் 2டி இரண்டும் இந்த வேலைக்குப் பொருந்தும். சீடெக்கின் எம்எக்ஸ்எஸ் 5.0 ஐபி 65. கராஜுக்குள் நிற்கிற கெப்புக்கு அதுவே போதும்.

அம்பியர் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். நிறைந்த பற்றரியைக் காக்க 1, 2 அம்பியர் தாராளம். இறங்கிய பற்றரியையும் அதே சார்ஜரால் ஏற்ற வேண்டுமென்றால் 5 எடுங்கள்.

உவர்மலை: தம்பி, மகன் கனடாவில் இருந்து ஒன்று அனுப்பியிருக்கிறான். இங்கே பூட்டலாமா?

அம்மா, பின்பக்கத்து ஸ்டிக்கரில் இன்புட் என்ற வரியைப் பாருங்கள். 100 முதல் 240 வரை என்று இருந்தால் பிளக்கை மட்டும் மாற்றிப் பூட்டலாம். 120 மட்டும் இருந்தால் வேண்டாம், நம் 230 வோல்ற்றில் உடனே புகையும். கடையில் விற்கும் சிறிய அடாப்டர் பிளக்கின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ற்றை மாற்றாது.

மூதூர்: எனது லொறி 24 வோல்ற், இரண்டு பற்றரி. இரண்டு 12 வோல்ற் சார்ஜர் பூட்டலாமா, அல்லது ஒரே 24 தானா?

முதலில் ஒன்று கேட்கிறேன், ரேடியோவுக்கோ போன் சார்ஜருக்கோ ஒரு பற்றரியில் இருந்து மட்டும் 12 வோல்ற் வயர் எடுத்திருக்கிறீர்களா? எங்கள் பக்கத்து லொறிகளில் பாதிக்கு மேல் இந்த வேலை பார்த்திருக்கிறேன். அந்தப் பற்றரி தனியாக இறங்கும், மற்றது நிறைந்தே இருக்கும். மொத்தமாக அளந்தால் 25.2 வரும், நல்லது என்று நினைப்போம். தனித்தனியே அளந்தால் ஒன்று 12.9, மற்றது 12.3. ஒரே 24 வோல்ற் சார்ஜர் இந்த வித்தியாசத்தைக் காணாது. நிறைந்ததைக் கொதிக்க வைக்கும், இறங்கியதைப் பாதியில் விடும்.

அப்படி வயர் எடுத்திருந்தால் அதைக் கழற்றி, 24 இலிருந்து 12 ஆக்கும் மாற்றி ஒன்று பூட்டுங்கள். அதன்பின் 24 வோல்ற் சார்ஜர் ஒன்று போதும். ஆனால் என் விருப்பம் படகுகளில் பூட்டுகிற இரட்டை வெளியீட்டுச் சார்ஜர். ஒவ்வொரு பற்றரியையும் தனித்தனியே நிறைக்கும். வெளியீடுகள் இரண்டும் ஒன்றிலிருந்து ஒன்று மின்னளவில் பிரிக்கப்பட்டவை என்று அதில் எழுதியிருக்க வேண்டும். பிரிக்கப்படாததை, இரண்டு பற்றரியை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்த 24 வோல்ற் தொடரில் பூட்டினால் ஷார்ட் ஆகும். தனித்தனி இரண்டு சார்ஜர் பூட்டினாலும் இதே நிபந்தனைதான். பற்றரி மாற்றும்போது இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள்.

தம்பலகாமம்: வயலோரக் கொட்டிலில் கரண்ட் இல்லை. சோலார் சரிவருமா?

சரிவரும். 20 வாட் பனல் நல்ல வெயிலில் ஒரு அம்பியருக்குச் சற்று மேல் தரும், ஒரு நாளைக்கு 4 அம்பியர் மணி அளவில் கிடைக்கும். சாதாரணக் கசிவுக்கு மிச்சம். ஆனால் பற்றரிக்குப் போகும் வோல்ற்றைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் இல்லாமல் நேரே பூட்டாதீர்கள், பனலின் வோல்ற் வெயிலில் 17க்கு மேல் போகும். நவம்பர், டிசம்பரில் மேகமூட்டத்தில் பனல் தருவது குறையும், கொஞ்சம் பெரிய பனலாகப் போடுங்கள். வயரைப் பைப்புக்குள் விடுங்கள். வயருக்கு எதிரி எலிதான்.

சாம்பல்தீவு: கிழமைக்கு ஒரு தடவை பத்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி விட்டால் போதாதா?

போதாது. மெதுவாக ஓடும் எஞ்சினில் ஓல்டனேற்றர் அதிகம் தராது. எண்ணெயும் சரியாகச் சூடேறாது, சைலன்சரில் தண்ணீர் தேங்கித் துருப்பிடிக்கும். டவுணில் இருந்து நிலாவெளிக்குப் போய்த் திரும்புங்கள், அதற்குப் பலன் உண்டு.

உப்புவெளி: பூட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பாசிட்டிவ் வயரில் பற்றரிக்குக் கிட்டவே பியூஸ் இருக்க வேண்டும், ஒரு சாண் தூரத்துக்குள். சார்ஜரை எஞ்சினின் சூட்டுக்கு மேல் வைக்காதீர்கள். வெப்பத்தைத் தானே அளக்கிற சார்ஜராயின் பற்றரிக்கு அருகில்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சின் சூட்டை அளந்து பற்றரிக்குக் குறைவாகக் கொடுக்கும். புதிய கெப்புகளில் நெகட்டிவ் முனையில் சிறிய சென்சார் ஒன்று இருக்கும். சார்ஜரின் நெகட்டிவை முனையில் போடாமல் சென்சாருக்கு அப்பால் பாடியில் போடுங்கள், அப்போதுதான் பற்றரிக்குள் போன சார்ஜுக்கு வாகனக் கம்பியூட்டர் கணக்கு வைத்திருக்கும்.

வீட்டுக் கரண்ட் வரும் பிளக்கைச் சாரதிக் கதவுக்குப் பக்கத்தில் வையுங்கள். பூட்டியிருப்பதை மறந்து லொறியை எடுத்துக்கொண்டு போனவர்கள் உண்டு. தீயணைப்பு வண்டிகளில் ஸ்டார்ட் பண்ணியவுடன் பிளக்கைத் தானே வெளியே தள்ளும் சாக்கெட் பூட்டுவார்கள், ஆனால் நமக்கு அந்தச் செலவு தேவையில்லை. வயர் வருகிற லைனில் ஏர்த்தும் ட்ரிப் சுவிட்சும் கட்டாயம். எக்ஸ்டென்ஷன் வயரைச் சுற்றியபடி விடாதீர்கள், மழை படுகிற இடத்திலும் வேண்டாம்.

கந்தளாய்: பற்றரிக்குக் கிணற்றுத் தண்ணி ஊற்றலாமா? சார்ஜரில் "ரீகொண்ட்" என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அது எதற்கு?

கிணற்றுத் தண்ணி கூடவே கூடாது, பற்றரித் தண்ணி மட்டும். ரீகொண்ட் சில சார்ஜர்களில் 15.8 வோல்ற் வரை ஏற்றி, ஆழமாக இறங்கிய பற்றரியை எழுப்பப் பார்க்கும். பற்றரியை வண்டியிலிருந்து கழற்றி, காற்றோட்டமான இடத்தில் வைத்துச் செய்யுங்கள். பற்றரி ஹைட்ரஜன் வாயு விடும், பக்கத்தில் சிகரெட்டும் வேண்டாம்.

உப்புவெளி: கரண்ட் பில் எவ்வளவு கூடும்?

நிறைந்த பற்றரியைத் தாங்கிப் பிடிக்க 5 வாட் என்று வைத்தாலும் மாதத்துக்கு 3.6 அலகுதான். அதற்கு மேல் எரிக்கிறது என்றால் சார்ஜரில் பிழை தேடாதீர்கள். கசிவு நிற்கவில்லை, மீற்றரை எடுங்கள்.