நான்கு கலைகளில் சம்பாதிக்கிறேன்... மூன்றை விட்டுவிட வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 33. நான்கு ஆண்டுகளுக்கு முன் மாதச் சம்பள வேலையை விட்டுவிட்டு ஃப்ரீலான்ஸராக இருக்கிறேன். புத்தகங்களுக்கும் விளம்பரங்களுக்கும் படம் வரைகிறேன். விளம்பரங்களுக்குக் குரல் கொடுக்கிறேன். வார இறுதியில் ஓவிய வகுப்பு எடுக்கிறேன். நாடகங்களுக்கும் குறும்படங்களுக்கும் இசையமைக்கிறேன். அதற்கு எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் போட்டதில்லை. சில மாதம் கை நிறையப் பணம் வரும். சில மாதம் கிரெடிட் கார்டைத் தேய்த்துத்தான் குடும்பம் நடக்கிறது. 'ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்' என்கிறார்கள் வீட்டில். எனக்கோ வீட்டிலேயே ஒரு ஸ்டூடியோ அமைக்க ஆசை. கருவிகளைத் தவணையில் வாங்கலாமா? ஓய்வுக்காலத்துக்கு இதுவரை எதுவும் சேர்க்கவில்லை. கடந்த ஆண்டின் வரவையும், ஒவ்வொரு வேலைக்கும் செலவிட்ட நேரத்தையும் இணைத்திருக்கிறேன்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: எதையும் விட வேண்டாம். ஆனால், நான்கையும் ஒரே பையில் போட்டுக் கணக்குப் பார்ப்பதை இன்றோடு நிறுத்துங்கள். நேரக் கணக்கையும் எழுதி வைத்திருக்கிறீர்களே, அதற்கு முதலில் என் பாராட்டு. உங்களுக்கான விடை முழுக்க அந்தத் தாளில்தான் இருக்கிறது.

ஆண்டு வரவை 100 என்று வைத்துக்கொண்டால் ஓவியத்தில் 46, குரலில் 27, வகுப்பில் 19, இசையில் 8 வந்திருக்கிறது. உழைத்த நேரத்தை 100 என்று கொண்டால் ஓவியத்துக்கு 40, குரலுக்கு 10, வகுப்புக்கு 15, இசைக்கு 35 போயிருக்கிறது. குரலில் ஒரு மணி நேரம் தரும் பணத்தைப் பெற இசையில் ஏறக்குறைய 12 மணி நேரம் உழைக்கிறீர்கள். இசை பிடித்த வேலை என்பதால் இது உறுத்தாமல் இருந்திருக்கும். பிடித்த வேலையில்தான் நேரம் கண்ணுக்குத் தெரியாமல் கரையும்.

எனக்கு இதைவிடக் கவலை தருவது வேறொன்று. ஓவியமும் குரலும் சேர்ந்து 73. அதில் 58 ஒரே விளம்பர நிறுவனத்திடமிருந்து வந்திருக்கிறது. கலை இரண்டாக இருந்தாலும் படியளப்பவர் ஒருவர்தான். அந்த நிறுவனம் விளம்பரச் செலவைக் குறைத்தால் ஒரே மாதத்தில் இரண்டு வருமானமும் நிற்கும். நீங்கள் கார்டைத் தேய்த்த மாதங்களைப் பாருங்கள். பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் பில் தாமதமான மாதங்கள்தான் அவை. எந்த ஒரு வாடிக்கையாளரும் உங்கள் வரவில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது. ஒரே ஆண்டில் அங்கே போய்ச் சேர முடியாது. அடுத்த 12 மாதங்களில் 58-ஐ 45-க்குக் கொண்டுவர முயலுங்கள். அதற்கு வழி குரல்தான். உங்களுக்கு மணிக்கு அதிகம் தரும் வேலைக்கு 10 சதவீத நேரம் மட்டுமே கொடுக்கிறீர்கள். ஒலிப்புத்தகம், இணையவழிப் பாடம், ஆவணப்படம் என விளம்பரத்துக்கு வெளியே குரல் தேவைப்படும் இடங்கள் பல இருக்கின்றன. வாரத்தில் ஒரு நாளை அவற்றைத் தேடவும் மாதிரிப் பதிவு அனுப்பவும் ஒதுக்குங்கள்.

வகுப்பைக் கைவிடும் எண்ணம் இருந்தால் தள்ளி வையுங்கள். 19 என்பது சிறிய எண்தான். ஆனால், மாதம் தவறாமல் வருவது அது ஒன்றே. சத்யஜித் ராய் ஓவியர், எழுத்தாளர், இயக்குநர். 1961 முதல் தன் படங்களுக்குத் தானே இசையமைத்தவர். அவர் 1943-ல் விளம்பர நிறுவன வேலையில் சேர்ந்தார். 1955-ல் முதல் படம் வெளியாகும் வரை அந்தச் சம்பளத்தை விடவில்லை. இவ்வளவு கலைகளுக்கும் அடியில் நிலையான வரவு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதே படத்துக்காக அவர் காப்பீட்டு பாலிசியின் மேல் கடன் வாங்கினார். அப்படியும் பணம் தீர்ந்து படப்பிடிப்பு நீண்ட காலம் நின்றது. வேலையை விடாமல் இருந்ததை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். பாலிசியில் கை வைத்ததை வேண்டாம் என்பேன்.

இனி மாதாமாதம் வரும் தட்டுப்பாட்டுக்கு வருவோம். எல்லா வரவும் முதலில் ஒரே தொழில் கணக்குக்கு வரட்டும். வந்த அன்றே வரிக்கான பங்கைத் தனிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். எத்தனை சதவீதம் என்பதை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். பிறகு மாதம் முதல் தேதி, தொழில் கணக்கிலிருந்து வீட்டுக் கணக்குக்கு ஒரு நிலையான தொகையைச் சம்பளமாக அனுப்புங்கள். எவ்வளவு? கடந்த 24 மாதங்களில் மிகக் குறைவாக வந்த 6 மாதங்களின் சராசரி. மொத்தச் சராசரியை எடுக்காதீர்கள். நல்ல மாதங்கள் அதை உயர்த்திக் காட்டி ஏமாற்றும். அந்தத் தொகையில் குடும்பம் நடத்த முடியவில்லை என்றால், துண்டு விழுவது எவ்வளவு என்பது முதல்முறையாகத் தெளிவாகத் தெரியும். செலவைக் குறைப்பதா, கட்டணத்தை உயர்த்துவதா என்று அதன்பின் வீட்டில் உட்கார்ந்து பேசலாம். வீட்டில் இருப்பவர்கள் 'ஒன்றைப் பிடி' என்பதற்குக் காரணம் கலை மேல் உள்ள கோபமல்ல, முதல் தேதி மேல் உள்ள பயம். மூன்று மாதம் தொடர்ந்து சம்பளம் போனாலே பாதிப் பயம் போய்விடும்.

கட்டணத்தை நீங்கள் கணக்கிட்ட முறையில் ஒரு பிழை இருக்கிறது. ஆண்டுத் தேவையை 2,000 மணி நேரத்தால் வகுத்திருக்கிறீர்கள். சம்பளக்காரருக்கு அது சரி. உங்களுக்கு விடுமுறை, உடல்நலக் குறைவு போக 46 வாரம்தான் மிஞ்சும். வாரத்தில் பில் போட முடிகிற வேலை 22 மணி நேரம் இருந்தாலே அதிகம். மற்ற நேரத்தை வேலை தேடுவதும், பேசுவதும், பில் அனுப்பி நினைவூட்டுவதும் தின்றுவிடும். ஆக 46 × 22 = 1,012 மணி நேரம். அதாவது, இப்போது நீங்கள் கேட்பது தேவையானதில் ஏறக்குறைய பாதி. பழைய வாடிக்கையாளரிடம் ஒரேயடியாக ஏற்ற முடியாது. புதியவர்களிடம் இன்றே புதிய கட்டணத்தைச் சொல்லுங்கள். எத்தனை முறை திருத்தித் தருவீர்கள் என்பதையும் எழுதிக் கொடுங்கள். ஓவியத்தில் உங்கள் நேரம் கசிவது அங்கேதான். பாதித் தொகை முன்பணமாக வந்த பிறகே வேலையைத் தொடங்குங்கள். நடுவில் வேலை ரத்தானால் முன்பணம் திரும்பாது என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.

இசைக்கு ஒப்பந்தமே இல்லை என்கிறீர்கள். இதைப் படித்ததும் உண்மையிலேயே பதறினேன். குறைவாகச் சம்பாதிக்கும் அந்த இசைதான் உங்களிடம் இருப்பவற்றில் நீண்ட காலம் பலன் தரக்கூடிய சொத்து. 1886-ல் உருவான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில், படைப்பு உருவானதும் பதிவு செய்யாமலே பதிப்புரிமை பிறக்கிறது. படைத்தவரின் வாழ்நாளுக்குப் பின் குறைந்தது 50 ஆண்டு அது நீடிக்கும் என்பது பொது விதி. அதை முழுவதுமாக எழுதிக் கொடுப்பது ஒன்று; இந்த நாடகத்துக்கு, இத்தனை ஆண்டுக்கு என்று பயன்படுத்த மட்டும் அனுமதிப்பது வேறு. இரண்டாவதையே பழகுங்கள். கட்டணம் குறைவாக இருக்கும் இடத்தில் உரிமையை உங்களிடம் வைத்துக்கொள்ள வேண்டும்; முழு உரிமையும் கேட்டால் கட்டணம் பல மடங்காக வேண்டும். குரலுக்கும் அப்படித்தான்: எந்த ஊடகம், எவ்வளவு காலம், எந்தப் பகுதி என்று எழுதுங்கள். உங்கள் பதிவைக் கொண்டு செயற்கைக் குரல் உருவாக்கக் கூடாது என்ற வரியைச் சேர்க்காமல் இனி எந்தக் குரல் ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஸ்டூடியோ? இப்போது வேண்டாம். ஒரு கலைக்கு வாங்கும் கருவியின் தவணையை அந்தக் கலையே கட்ட வேண்டும். ஆண்டு வரவில் 8 தரும் இசையால் அது முடியாது. தவணை உங்கள் குரலின் தலையில் விழும். தேவைப்படும்போது மணிக்கணக்கில் வாடகை ஸ்டூடியோ எடுங்கள். இசைக்கான நேரத்தை 35-லிருந்து 20-க்குக் குறைத்து, அதை முதலீடு என்றே நினைத்துச் செய்யுங்கள். இரண்டு ஆண்டு தொடர்ந்து இசை வரவு வாடகையைப் போல இரு மடங்கு வந்தால், அப்போது வாங்கலாம். முடிந்தால் ரொக்கத்தில்.

சேமிப்பில் வரிசை முக்கியம். முதலில் கார்டு பாக்கி. மாதம் 3 சதவீத வட்டி என்றால் கூட்டு வட்டியில் அது ஆண்டுக்கு 42 சதவீதத்தைத் தாண்டும்; அதை அடைப்பதைவிட அதிக லாபம் தரும் முதலீடு எனக்குத் தெரியாது. அடுத்து மருத்துவக் காப்பீடு. உங்களை நம்பிக் குடும்பம் இருப்பதால், பாலிசி காலத்துக்குள் உயிரிழந்தால் குடும்பத்துக்குப் பணம் தரும் டேர்ம் காப்பீடும் வேண்டும். உங்கள் தொழில் மணிக்கட்டையும் தொண்டையையும் நம்பியது. மூன்று மாதம் வேலை செய்ய முடியாமல் போனால் வருமானம் ஈடுகட்டும் பாலிசி கிடைக்குமா என்றும் விசாரியுங்கள். அதன்பின் ஆறு மாதக் குடும்பச் செலவை அவசரகால நிதியாகச் சேருங்கள்.

ஓய்வுக்காலத்துக்கு மாதம் இவ்வளவு என்று நிலையான தொகை வைத்தால் மெலிந்த மாதத்தில் நிறுத்திவிடுவீர்கள். வரும் ஒவ்வொரு பில்லிலும் வரியோடு சேர்த்து இதற்கும் 10 சதவீதம் எடுத்து வையுங்கள். கார்டு பாக்கி தீரும் வரை அந்த 10 சதவீதம் கார்டுக்குப் போகட்டும். தீர்ந்த மாதமே அதை ஓய்வுக்கால முதலீட்டுக்குத் திருப்பிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து இதே தாளைப் புதிய எண்களோடு அனுப்புங்கள். அந்த 58 எங்கே வந்து நிற்கிறது என்று பார்த்துவிட்டு, முதலீட்டை எதில் போடலாம் என்று பேசலாம்.