கச்சேரி நடுவே அடிக்கும் போன்: சிறு சபா என்ன செய்யலாம்?

கேள்வி: சென்னைப் புறநகரில் ஒரு சிறு சபா நடத்துகிறோம். இருநூறு நாற்காலி போடக்கூடிய பள்ளிக்கூட ஹால். மாதம் ஒரு கச்சேரி, மார்கழியில் பத்து நாள் விழா. ஒவ்வொரு கச்சேரியிலும் நாலைந்து முறையாவது போன் அடித்துவிடுகிறது. சிலர் எடுத்து, "கச்சேரியில இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று மூன்று வரிசைக்குக் கேட்கும்படி சொல்கிறார்கள். முன்வரிசையில் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுப்பவர்களும் உண்டு. அறிவிப்புச் செய்தும் பயனில்லை. போன விழாவில் ஒரு பாடகி ஆலாபனையை நடுவிலேயே நிறுத்திவிட்டார். செல்போன் சிக்னலைத் தடுக்கும் ஜாமர் வைக்கலாமா? வாசலிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்ளலாமா? ரசிகர்களில் பெரும்பாலோர் எழுபதைத் தாண்டியவர்கள், சபாவுக்கு நன்கொடை தருபவர்கள். அவர்கள் மனம் நோகக் கூடாது.
— ஒரு சபா செயலாளர்

பதில்:

ஜாமர் யோசனையை முதலில் கைவிட்டுவிடுங்கள். மத்திய அரசின் அனுமதி இல்லாமல் தனியார் யாரும் ஜாமர் பயன்படுத்துவது இந்தியாவில் சட்டவிரோதம். 2022இல் தொலைத்தொடர்புத் துறை இதை மறுபடியும் அறிவுறுத்தியது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். மூத்தவர்கள் நிறைந்த ஹாலில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் 108ஐக்கூட அழைக்க முடியாது. இத்தனைக்குப் பிறகும் நீங்கள் தேடும் அமைதி கிடைக்காது. ஜாமர் அலைவரிசையைத்தான் மறிக்கும். போனுக்குள் வைத்திருக்கும் மாத்திரை அலாரம் எட்டு மணிக்கு அடித்தே தீரும்.

வாசலில் வாங்கி வைப்பதும் உங்களுக்குச் சரிப்படாது. அமெரிக்காவில் 2014இல் தொடங்கிய யோண்டர் என்ற நிறுவனம் இதற்கென்றே பூட்டுப்பை தருகிறது. போன் அவரவர் கையிலேயே இருக்கும், வெளியே வந்து திறந்துகொள்ள வேண்டும். பெரிய அரங்குகளுக்கு அது பொருந்தலாம். நீங்கள் டோக்கன் போட்டு வாங்கித் திருப்பிக் கொடுப்பதற்குள் மங்களம் பாடி முடித்துவிடுவார்கள். ஒரு போன் தொலைந்தால் சபாதான் பதில் சொல்ல வேண்டும். சர்க்கரை அளவைக் காட்டும் சென்சாரையும் காதுக் கருவியையும் போனோடு இணைத்திருப்பவர்கள் உங்கள் ரசிகர்களிலேயே இருப்பார்கள். அவர்களிடமிருந்து அதைப் பிரிக்க நமக்கு உரிமையில்லை.

அரங்க நிர்வாகத்தில் நீண்ட காலம் இருந்தவன் என்ற முறையில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ஹாலில் அடிக்கும் போன்களில் பெரும்பாலானவை அலட்சியக்காரர்களுடையவை அல்ல. 'சைலன்ட்டில் போட்டுவிட்டோம்' என்று மனதார நம்பி உட்கார்ந்திருப்பவர்களுடையவை. 2012 ஜனவரியில் நியூயார்க் பில்ஹார்மோனிக் இசைக்குழு, இசையமைப்பாளர் மாலரின் ஒன்பதாம் சிம்பொனியை வாசித்துக்கொண்டிருந்தது. இசை தேய்ந்து தேய்ந்து மௌனத்தில் அடங்கும் கடைசிப் பகுதியில், முன்வரிசையில் ஒரு ஐபோன் அடிக்க ஆரம்பித்து நிற்கவே இல்லை. குழுவை நடத்திய ஆலன் கில்பர்ட் வாசிப்பை நிறுத்தி, சத்தம் ஓய்ந்த பிறகுதான் தொடர்ந்தார். போனுக்குரியவர் நெடுங்காலச் சந்தாதாரர், இசையை மதிப்பவர். அலுவலகம் முந்தைய நாள்தான் அந்தப் புதுப் போனைக் கொடுத்திருந்தது. அதைச் சைலன்ட்டில் போட்டுவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தார். அடித்தது அழைப்பு அல்ல, அலாரம். நிகழ்ச்சி நேரத்தில் போன் பயன்படுத்தினால் 50 டாலர் அபராதம் என்று அந்த நகரத்தில் 2003இலிருந்தே சட்டம் உண்டு. தன் போன் அமைதியாக இருக்கிறது என்று நம்புகிறவரை அபராதம் எப்படித் தடுக்கும்?

ஆகவே "தயவுசெய்து செல்போனை அணைத்து வைக்கவும்" என்ற பதிவுசெய்த குரல் போதாது. அது ஒலிக்கும் நேரத்தில் பாதிப் பேர் கேன்டீனில் இருக்கிறார்கள், மீதிப் பேர் இடம் பிடிக்கிறார்கள். கேட்டவர்களும் 'நான் முன்பே செய்துவிட்டேன்' என்று இருந்துவிடுவார்கள். திரை விலகி, கலைஞர்கள் சுருதி சேர்த்து முடித்ததும், உங்கள் குழுவில் ஒருவர் மேடை ஓரம் வந்து நேரில் பேசட்டும். இப்படி: "எல்லோரும் போனைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரை அலாரம் வைத்திருப்பவர்கள் முதலில் அதை நிறுத்துங்கள். பிறகு போனை முழுவதுமாக அணைத்துவிடுங்கள். எப்படி என்று தெரியாதவர்கள் கையை உயர்த்துங்கள், எங்கள் பிள்ளைகள் வந்து செய்து தருவார்கள்." சொல்லிவிட்டு முப்பது விநாடி காத்திருக்க வேண்டும். இருநூறு பேரும் ஒரே சமயத்தில் போனை எடுக்கும்போது எடுக்காதவருக்கும் கை தானாகப் பைக்குள் போகும். கை உயர்த்துபவர்களிடம் கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர் போய் உதவட்டும். இதில் பெரியவர்கள் யாரும் வருத்தப்படப் போவதில்லை. பேரன் பேத்தி வயதுப் பிள்ளை பக்கத்தில் குனிந்து நின்று சொல்லித் தருவதை விரும்பவே செய்வார்கள்.

அந்தப் பிள்ளைகளுக்குச் சில நுணுக்கங்கள் தெரிந்திருக்க வேண்டும். இப்போதைய ஆண்ட்ராய்டு போன்களில் பக்கவாட்டு வால்யூம் பொத்தானை அழுத்தினால் வழக்கமாகக் குறைவது பாட்டு, வீடியோவின் ஒலிதான். ரிங்டோன் ஒலி அப்படியே இருக்கும். கோடு பூஜ்யத்துக்கு வந்ததைப் பார்த்து மாமா நிம்மதியாகப் பையில் போட்டுக்கொள்வார். ஐபோனிலோ, சைலன்ட் செய்தாலும் அலாரம் அடிக்கும். 'தொந்தரவு செய்யாதே' (டூ நாட் டிஸ்டர்ப்) என்ற அமைப்பிலும் ஒரு ஓட்டை உண்டு. ஒரே ஆள் சில நிமிடங்களுக்குள் இரண்டாம் முறை கூப்பிட்டால் அழைப்பை உள்ளே விடும் வசதி அதில் இருக்கிறது. ஐபோனில் மூன்று நிமிடம், ஆண்ட்ராய்டில் பதினைந்து நிமிடம். எடுக்கவில்லையே என்று உடனே மறுபடி அழைப்பதுதான் நம் வீடுகளில் வழக்கம், அதனால் இது அடிக்கடி நடக்கும். வைப்ரேஷனும் அமைதி அல்ல. பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்த போன் அதிர்ந்தால், தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் மெல்லிய நடைக்கு இறங்கும்போது இரண்டு வரிசைக்குக் கேட்கும். முழுவதுமாக அணைப்பதே எளிது. சில ஆண்ட்ராய்டு போன்கள் அணைத்த பிறகும் அலாரம் அடிக்கும் என்பதால்தான் அலாரத்தை முதலில் நிறுத்தச் சொன்னேன்.

அணைக்கவே முடியாத நிலையில் சிலர் இருப்பார்கள். பணியில் இருக்கும் மருத்துவர், வீட்டில் படுக்கையில் கிடக்கும் தாயை விட்டுவிட்டு வந்த மகள், சர்க்கரை குறைந்தால் எச்சரிக்கும் சென்சார் வைத்திருப்பவர். பின்கதவுக்குப் பக்கத்தில் நடைபாதையை ஒட்டி ஏழெட்டு நாற்காலிகளை இவர்களுக்கென்று ஒதுக்குங்கள். போன் அதிர்ந்தால் எழுந்து வெளியே போய்விடலாம். எந்த எண்ணிலிருந்து வரும் அழைப்பை மட்டும் அனுமதிப்பது என்பதையும் போனிலேயே அமைத்துக்கொள்ளலாம். தன்னார்வலர் செய்து கொடுக்கட்டும்.

அப்படியும் ஒன்று அடித்துவிட்டால்? கைப்பைக்குள் சாவிக்கொத்து, ஸ்வெட்டர், தண்ணீர் பாட்டிலுக்கு நடுவே தேடும் மாமி பதறுகிறார். எடுத்ததும் திரையில் எதைத் தொடுவது என்று புரிவதில்லை. உங்கள் ரசிகர்கள் எல்லோருக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள்: அழைப்பு வரும்போது வால்யூம் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் சத்தம் அப்போதே நின்றுவிடும். அழைப்பைத் துண்டிக்கவோ எடுத்துப் பேசவோ வேண்டாம். பைக்குள் கைவிட்டுத் தடவியே அழுத்திவிடலாம். "அப்புறம் பேசறேன்" என்று பேசுவதற்கே அவசியம் வராது. பேசுபவர்களில் பலர் சத்தத்தை நிறுத்த வேறு வழி தெரியாமல்தான் எடுக்கிறார்கள். அந்த நேரத்தில் அக்கம்பக்கத்தவர் திரும்பி முறைத்தால் பதற்றம் கூடி, சத்தமும் நீளும். தன்னார்வலரும் ஓடக் கூடாது, தாழக் குனிந்து போய் உதவ வேண்டும்.

அந்தப் பாடகி ஏன் நிறுத்தினார் என்பதையும் ரசிகர்களுக்கு ஒருமுறை எடுத்துச் சொல்லுங்கள். ஒன்றரைக் கட்டைச் சுருதியில் பாடுகிறாரோ ஐந்து கட்டையில் பாடுகிறாரோ, ஹால் முழுவதும் அந்த ஒரு ஆதார ஷட்ஜத்தில், 'ச' என்ற அடிப்படைச் சுரத்தில், தோய்ந்திருக்கிறது. போன் அடிப்பது வேறொரு சுருதியில். பாட்டு நடக்கும்போது தாளமும் சாகித்யமும் கைகொடுக்கும், எப்படியும் சமாளித்துவிடலாம். ஆலாபனையில் அப்படி எதுவும் துணையில்லை. காந்தாரம் என்ற 'க' சுரத்தைப் பிடித்து மெல்ல அசைத்து நிற்கும்போது காதில் வேறு ஷட்ஜம் விழுந்தால், அதுவரை ஒவ்வொரு சங்கதியாகக் கட்டி எழுப்பிய ராகம் கலைகிறது. விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது, திரும்ப முதலிலிருந்து வர வேண்டும். வீம்புக்காக நிறுத்தியதாக யாராவது பேசினால் அது அநியாயம்.

மேடையையும் கவனியுங்கள். இன்று தம்பூரா ஆப் போனில்தான் ஓடுகிறது, சாகித்யம் டேப்லெட்டில் இருக்கிறது. இரண்டும் ஃப்ளைட் மோடில் இருக்க வேண்டும், அலாரம் இருக்கக் கூடாது. கச்சேரிக்கு முன் கலைஞரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மைக்குகளின் ஒலியைக் கலக்கும் மிக்ஸர் கருவி அருகே பழைய பட்டன் போன் எதையும் வைக்க விடாதீர்கள். 2ஜி போன் அலையை விட்டு விட்டு அனுப்பும், விநாடிக்கு சுமார் 217 முறை. அது ஒயர் வழியே ஏறி ஸ்பீக்கரில் டிர்ர்ர் என்று உறுமும். அழைப்பு அடிப்பதற்கு முன்பே அந்த உறுமல் தொடங்கிவிடும்.

திரை வெளிச்சத்துக்கு வருவோம். ஏன் போனைத் திறக்கிறார்கள் என்று பின்வரிசையில் நின்று பாருங்கள். ஒன்று மணி பார்க்க, இல்லாவிட்டால் என்ன ராகம் என்று தேட. முதலாவதற்கு, எல்லோர் கண்ணிலும் படும்படி ஒரு பெரிய சுவர்க் கடிகாரம் மாட்டுங்கள். மாத்திரைக்காரர்களுக்கும் அது உதவும். இரண்டாவதற்கு, உருப்படியைத் தொடங்கும் முன் ராகம், தாளம், இயற்றியவர் பெயரைச் சொல்லும்படி கலைஞரைக் கேட்டுக்கொள்ளுங்கள். தாமே ராகம் கண்டுபிடிப்பதில் ஆனந்தம் காணும் மூத்த ரசிகர்கள் மறுப்பு சொல்வார்கள். ஆலாபனைக்குப் பிறகு சொன்னால் இருவருக்கும் நல்லது.

வீடியோ விஷயத்தில் சட்டம் பலர் நினைப்பதுபோல் இல்லை. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்த்த 38ஏ பிரிவின்படி, தன் கச்சேரியைப் பதிவுசெய்யவும் பரப்பவும் உரிமை கலைஞருக்குத்தான். ஆனால் சொந்த உபயோகத்துக்காகவோ உண்மையாகவே கற்பிக்கவும் ஆராயவுமோ செய்யும் பதிவை 39ஆம் பிரிவு மீறலாகக் கொள்வதில்லை. வீட்டில் கேட்கப் பதிவுசெய்தவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. அதையே யூடியூபில் போட்டால் கதை வேறு. இருந்தாலும், ஹாலுக்குள் பதிவு கூடாது என்று நுழைவு நிபந்தனை வைக்க உங்களுக்கு உரிமை உண்டு. அழைப்பிதழிலேயே அச்சிட்டுவிடுங்கள். 2013இல் ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில், ஒருவர் போனில் படம் பிடிப்பதைக் கண்ட பியானோ கலைஞர் கிரிஸ்டியன் சிமர்மன் சற்று நேரம் மேடையை விட்டே போய்விட்டார். யூடியூபில் ஏற்கெனவே கிடக்கிறது என்று சொல்லியே தனக்குப் பதிவு ஒப்பந்தங்கள் கைநழுவிப் போனதாக அன்று வேதனைப்பட்டார்.

தடை மட்டும் போடாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். மடியில் டேப் ரிக்கார்டர் வைத்திருந்த ரசிகர்களால்தான் பழைய வித்வான்களின் எத்தனையோ கச்சேரிகள் இன்று நம் காதுக்கு எட்டுகின்றன. அந்த ஆசை மதிக்க வேண்டிய ஆசை. கலைஞர் சம்மதித்தால் சபாவே மிக்ஸரிலிருந்து நல்ல ஒலிப்பதிவு எடுத்து உறுப்பினர்களுக்குக் கொடுக்கலாம். மங்களம் முடிந்ததும் கலைஞர்கள் வாத்தியங்களோடு இரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்தால் படம் எடுப்பவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். இதை முதல் அறிவிப்பிலேயே சொல்லிவிட்டால் நடுவில் கை தூக்குபவர்கள் வெகுவாகக் குறைவார்கள்.

இத்தனைக்கும் பிறகு, வேண்டுமென்றே பேசுபவர், வேண்டுமென்றே படமெடுப்பவர் என்று இரண்டு மூன்று பேர் மிஞ்சுவார்கள். அவர்களை மேடையிலிருந்து கண்டிக்காதீர்கள், கலைஞரைக் கண்டிக்கவும் வைக்காதீர்கள். நன்கொடையாளராக இருந்தால், அவரோடு பழகிய, அவர் வயதையொத்த உறுப்பினர் ஒருவர் மறுநாள் வீட்டுக்குப் போய்ப் பேச வேண்டும். "நேற்று பல்லவி நடுவில பாடகருக்குச் சிரமமாப் போச்சு, நீங்க பார்த்துக்கணும்" என்றால் போதும். ஒரு மரியாதைக்காக அவரை விட்டுவைத்தால், கதவோரம் உட்கார்ந்திருக்கும் அந்த மகளிடம் அடுத்த மாதம் எந்த முகத்தோடு போய்ப் பேசுவீர்கள்?

அதற்கும் முன்னால் உங்கள் குழுவின் போன்களைப் பாருங்கள். சிறப்பு விருந்தினர் எங்கே வருகிறார் என்று கேட்டபடி முன்வரிசைக்கும் வாசலுக்கும் நடப்பவர்கள் பெரும்பாலும் சபாக்காரர்கள்தான். கச்சேரி நேரத்தில் குழுவுக்கு ஒரே ஒரு போன், அதுவும் ஹாலுக்கு வெளியே நிற்பவர் கையில் என்று வைத்துக்கொள்ளுங்கள். விருந்தினரை வரவேற்பவரும் அவரே. இந்த ஒரு மாற்றத்துக்குப் பணமும் வேண்டாம், பொதுக்குழு ஒப்புதலும் வேண்டாம். அடுத்த மாதக் கச்சேரியிலேயே தொடங்கிவிடுங்கள். அறிவிப்பு, கடிகாரம், கதவோர நாற்காலி மூன்றையும் மார்கழிக்கு முன் பழக்கிக்கொள்ள உங்களுக்குப் போதிய அவகாசம் கிடைக்கும்.