குதிரையைக் கடக்க எவ்வளவு சாலை வேண்டும்?

கேள்வி: சார், லண்டனுக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. சட்டனிலிருந்து டார்க்கிங் பக்கம் உள்ள ஒரு முதியோர் இல்லத்துக்குத் தினமும் காரில் வேலைக்குப் போகிறேன். திருச்சியில் பல வருடம் ஓட்டிய அனுபவம் உண்டு, இப்போது இந்திய லைசென்ஸில்தான் ஓட்டுகிறேன். போன வாரம் ஒரு கிராமச் சாலையில் இரண்டு பேர் குதிரையில் ஜோடியாகப் போய்க்கொண்டிருந்தார்கள். பின்னால் ஒட்டியே போய்ப் பார்த்தேன், வழி விடவில்லை. லேசாக ஒரு ஹார்ன் கொடுத்தேன். ஒரு குதிரை பக்கவாட்டில் துள்ளியது. அதன் மேலிருந்த அம்மா கையை உயர்த்திச் சத்தம் போட்டார். நான் செய்தது என்ன தவறு? அவர்கள் ஜோடியாகப் போகலாமா? நடுவில் முழு வெள்ளைக் கோடு இருந்தால் தாண்டலாமா? பின்னால் வருகிறவர்கள் நெருக்கினால் என்ன செய்வது? எங்களுடையது ஹைபிரிட் கார்.

பதில்: ஹார்னிலிருந்தே தொடங்குவோம். நம் ஊரில் லாரிக்குப் பின்னால் ‘சவுண்ட் ஹார்ன்’ என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். சொல்லாமல் முந்தினால்தான் அங்கே திட்டு விழும். நடுரோட்டில் படுத்திருக்கும் மாடு ஹார்ன் கேட்டால் காதைக்கூட அசைக்காது. அப்படிப் பழகிய கை இங்கேயும் தானாக ஸ்டியரிங் நடுவுக்குப் போய்விடுகிறது. அங்கிருந்து வந்து என்னிடம் ஓட்டப் பழகுகிறவர்களில் பாதிப் பேருக்கு இது உண்டு. பிரிட்டனின் சாலை விதித் தொகுப்பான ஹைவே கோடில் 215ஆம் விதி, குதிரை அருகே ஹார்ன் அடிக்கக் கூடாது, எஞ்சினை உறுமவிடக் கூடாது என்று நேராகவே சொல்கிறது.

காரணம் எளிது. ஆபத்து என்று பட்டால் முதலில் ஓடிவிட்டு, அது என்னவென்று பிறகு பார்க்கிற பிராணி குதிரை. கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் கிட்டத்தட்ட சுற்றிலும் பார்க்கும். ஆனால் வாலுக்கு நேர் பின்னால் இருப்பது அதற்குத் தெரியாது. நீங்கள் ஒட்டி வந்தது சரியாக அந்த இடத்தில். ஹைபிரிட் கார் குறைந்த வேகத்தில் பெரும்பாலும் பேட்டரியில்தான் ஓடும், சத்தம் அவ்வளவாக வராது. ஆக, அந்தக் குதிரைக்கு நீங்கள் பின்னால் இருந்ததே தெரியாமல் இருந்திருக்கலாம். ஒன்றும் இல்லாத இடத்திலிருந்து திடீரென்று ஒரு அலறல் கேட்டால் அது என்ன செய்யும்? அரை டன் எடையுள்ள விலங்கு துள்ளியதோடு நின்றது நல்ல காலம்.

அந்த அம்மா கையை உயர்த்தியதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டிருப்பீர்கள். கோபமும் கொஞ்சம் இருந்திருக்கலாம். ஆனால் உள்ளங்கை உங்களைப் பார்த்திருந்தால் அது ‘நில்’ என்ற சைகை. கையைப் பக்கவாட்டில் நீட்டி மேலும் கீழும் மெல்ல அசைத்தால் ‘வேகத்தைக் குறை’ என்று பொருள். இரண்டுக்கும் உடனே கட்டுப்பட வேண்டும், குதிரையின் நிலை மேலே இருப்பவருக்குத்தான் தெரியும். நீங்கள் நல்லபடியாகக் கடந்த பிறகு அவர் கையசைக்காமல் தலையை மட்டும் ஆட்டினால் திமிர் என்று நினைக்காதீர்கள். கடிவாளத்திலிருந்து கையை எடுக்க முடியாத நேரமாக இருக்கும்.

அடுத்தது, ஜோடியாகப் போகலாமா என்பது. போகலாம். பழகாத குதிரையோ, சின்னப் பிள்ளையோ ஓரமாக வரும். அனுபவமுள்ள குதிரை சாலைப் பக்கம் நின்று அதை மறைத்துக்கொண்டு வரும். வழி மறிப்பது போலத் தெரிந்தாலும் நடப்பது காவல்தான். உங்களுக்கும் இதில் லாபம் உண்டு. வரிசையாகப் போகும் இரண்டு குதிரைகளைக் கடக்க அதிகத் தூரம் வேண்டும், ஜோடியாகப் போனால் குறைந்த தூரத்திலேயே முடிந்துவிடும். குறுகலான சாலையிலும் வளைவிலும் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும்படி அவர்களுக்கும் விதி சொல்கிறது. எப்போது மாறுவது என்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

சரி, எப்படிக் கடப்பது? 2022 ஜனவரி 29 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் எண்களையே கொடுத்துவிட்டார்கள். வேகம் மணிக்கு 10 மைலுக்குள், அதாவது சுமார் 16 கிலோமீட்டர். குதிரைக்கும் காருக்கும் இடையே குறைந்தது 2 மீட்டர். இந்த இரண்டையும் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். அதற்குள் ஒளிந்திருக்கும் மூன்றாவது கணக்கைத்தான் யாரும் போட்டுப் பார்ப்பதில்லை.

நடந்து போகும் குதிரையின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 4 மைல். நீங்கள் 10 மைலில் போனால், அதை விட 6 மைல்தான் கூடுதல். ஒரு வினாடிக்கு 3 மீட்டர்கூட முன்னேற மாட்டீர்கள். குதிரைக்கு 10 மீட்டர் பின்னாலிருந்து கிளம்பி, அதைத் தாண்டி 15 மீட்டர் இடைவெளி விட்டு இடப்பக்கம் திரும்புவதற்கு 12 வினாடி ஆகிவிடும். அதற்குள் உங்கள் கார் 50 மீட்டருக்கு மேல் போயிருக்கும். அந்த 12 வினாடியும் நீங்கள் இருப்பது எதிர்த் தடத்தில். ஊருக்கு வெளியே இருவழிச் சாலையில் பொதுவான வேக வரம்பு 60 மைல். அந்த வேகத்தில் எதிரே ஒருவர் வந்தால் அதே 12 வினாடியில் 320 மீட்டர் வந்துவிடுவார். ஆகவே எதிரே ஏறக்குறைய 370 மீட்டருக்குச் சாலை காலியாகத் தெரிந்தால்தான் கிளம்பலாம். அவர் 40 மைலில்தான் வருவார் என்று வைத்துக்கொண்டாலும் 270 மீட்டர் வேண்டும்.

டார்க்கிங் இருக்கும் சர்ரே மாவட்டத்தின் கிராமச் சாலைகளில் அவ்வளவு நேர்கோடு எங்கே இருக்கிறது? அங்கங்கேதான். அதனால்தான் என்னிடம் பழகுகிறவர்களிடம் கடப்பதைப் பற்றிக் குறைவாகவும் காத்திருப்பதைப் பற்றி அதிகமாகவும் பேசுகிறேன். நாலைந்து கார் நீளம் பின்னால் தள்ளி, குதிரையோட்டி திரும்பினால் உங்களைப் பார்க்கும்படி வாருங்கள். சத்தம் குறைந்த கார் என்பதால் அவர் திரும்பிப் பார்த்துவிட்டாரா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பார்க்கவில்லையென்றால் கண்ணாடியை இறக்கிச் சாதாரணக் குரலில் ‘ஹலோ, நான் பின்னால் இருக்கிறேன்’ என்று சொல்லலாம். மனிதக் குரல் குதிரைக்குப் பழகியதுதான், ஹார்ன் போல மிரட்டாது.

கிளம்பியபின் எதிரே வண்டி வந்துவிட்டால்? இங்கேதான் பலர் குதிரைப் பக்கம் ஒடித்து நுழைந்துவிடுகிறார்கள். அது கூடவே கூடாது. பிரேக்கை மிதித்துப் பின்வாங்கி, பழைய இடத்துக்கே வந்துவிடுங்கள். எல்லாம் சரியாக முடிந்தாலும், தாண்டிய உடனே ஆக்ஸிலரேட்டரை அழுத்தாதீர்கள். டயரிலிருந்து தெறிக்கும் ஜல்லியும் திடீர் உறுமலும் போதும், பின்னால் விட்டு வந்த குதிரை மிரளுவதற்கு. கண்ணாடியில் அது சின்னதாகத் தெரியும்வரை அதே நிதானத்தில் போங்கள்.

குதிரையைப் படிக்கவும் கொஞ்சம் கற்றுக்கொள்ளலாம். காதுகள்தான் அதன் இண்டிகேட்டர். இரண்டு காதும் தளர்ந்து, ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாகத் திரும்பிக்கொண்டிருந்தால் கவலை இல்லை. இரண்டும் விடைத்து ஒரே பக்கம் நின்று, தலையும் உயர்ந்துவிட்டால் அது எதையோ பார்த்துவிட்டது. எதை? குப்பை எடுக்கும் நாளில் வீட்டு வாசலில் நிற்கும் சக்கரத் தொட்டியாக இருக்கலாம், புதரில் மாட்டிப் படபடக்கும் பிளாஸ்டிக் பையாக இருக்கலாம். நேற்று அந்தத் தொட்டி அங்கே இல்லை, அவ்வளவுதான் அதன் நியாயம். அந்தப் பொருளிலிருந்து விலகும்போது அதன் பின்பாகம் சாலைப் பக்கம் வீசி வரும். ஓரமாக நடந்த குதிரை ஒரு நொடியில் சாலையின் பாதியை அடைத்துவிடும். அந்த 2 மீட்டர் இதற்காகத்தான். இடப்பக்கம் தொட்டி வரிசையைப் பார்த்துவிட்டால், அது முடியும்வரை கடக்காமல் இருப்பதே நல்லது. கால்களில் இரும்பு லாடம் இருப்பதையும் நினைவில் வையுங்கள். ஈரமான தார்ச் சாலை, அதுவும் இறக்கம் என்றால் அது வழுக்கும்.

குதிரை கண்ணில் படும் முன்பே அதற்கு அடையாளங்கள் உண்டு. உயர்ந்த புதர்வேலிக்கு மேலே ஒரு ஹெல்மெட் மட்டும் மெல்ல ஏறி இறங்கிப் போனால், கீழே குதிரை இருக்கிறது. தார் மேல் புதுச் சாணம் கிடந்தாலும் அப்படித்தான்: பச்சையாக இருந்தால் அவர்கள் அடுத்த வளைவுக்கு அப்பால்தான் இருப்பார்கள். 60 மைலில் வருகிறவர் நிறுத்த 73 மீட்டர் வேண்டும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

இரண்டு குதிரைகள் இடைவெளி விட்டு முன்னும் பின்னும் போனால், ஒன்றைத் தாண்டி நடுவில் நுழைந்துகொள்ளலாம் என்று ஆசை வரும். வேண்டாம். கூட்டமாக வாழும் பிராணி அது. துணைக்கும் தனக்கும் நடுவில் ஒரு கார் புகுந்தால் பின்னால் இருப்பது பதறி, முன்னால் ஓடிப் போய்ச் சேரத்தான் பார்க்கும். இரண்டையும் ஒரே மூச்சில் தாண்ட இடம் இருந்தால் மட்டும் போங்கள்.

வெள்ளைக் கோட்டுக்கு வருவோம். உங்கள் பக்கம் முழுக் கோடு இருந்தாலும், 10 மைலோ அதற்குக் குறைவாகவோ போகும் குதிரையைக் கடப்பதற்காக அதைத் தாண்ட 129ஆம் விதி அனுமதிக்கிறது. நடக்கும் குதிரை 4 மைல், மெல்ல ஓடும் குதிரை 8 மைல் அளவில் போகும் என்பதால் சட்டப்படி பிரச்சினை இல்லை. ஆனால் அந்தக் கோட்டை அங்கே போட்டதே எதிரே பார்வை போதாது என்பதற்காகத்தான். மேலே சொன்ன 370 மீட்டர் அந்த இடத்தில் உங்களுக்குக் கிடைக்குமா? பெரும்பாலும் கிடைக்காது.

பின்னால் நெருக்குகிறவர்களைப் பற்றி ஒன்றும் செய்ய வேண்டாம். குதிரையைத் தூரத்தில் பார்த்ததுமே பிரேக்கை மெல்லத் தொட்டு விளக்கை எரியவிடுங்கள், அவர்களுக்கும் காரணம் புரியும். ஓடும்போது நான்கு இண்டிகேட்டரையும் போட்டுவிடும் பழக்கம் இந்த மாதிரிச் சாலையில் விதிக்கு விரோதம். அவர்களைக் கையசைத்துப் போகச் சொல்லவும் வேண்டாம். அவர் அவசரத்துக்கு நீங்கள் கடந்து ஏதாவது ஆனால், போலீஸ் கேட்கப்போவது உங்களைத்தான்.

ஒரே ஒரு கார் போகும் சந்துச் சாலை வேறு கதை. 2 மீட்டர் அங்கே கிடைக்கவே கிடைக்காது. வயல் கதவு, கார் ஒதுங்கும் இடம் என்று ஏதாவது வரும்வரை பின்னாலேயே போங்கள். குதிரை அதில் ஒதுங்கி நின்று, குதிரைக்காரர் போகச் சொன்னபின் ஊர்ந்து கடந்தால் போதும். எதிர் எதிரே சந்தித்துவிட்டால் நீங்கள் ஒதுங்கி நின்றுவிடுங்கள், குதிரை உங்களைத் தாண்டிப் போகட்டும். ரவுண்டானாவில் குதிரைக்காரர்கள் கடைசிவரை இடத் தடத்திலேயே சுற்றலாம். அவர் இடப்பக்கம் இருக்கிறார் என்பதற்காக அடுத்த வழியில் வெளியேறுவார் என்று நினைத்து முன்னால் வெட்டாதீர்கள்.

உங்கள் வழியில் எப்சம் இருக்கிறது. பந்தயக் குதிரைகள் பயிற்சி பெறும் ஊர் அது. காலையில் அவை மைதானத்துக்குச் சாலையைத் தாண்டிப் போகும். இளம் குதிரைகள், எளிதில் மிரள்பவை. சில இடங்களில் குதிரைகளுக்கென்றே பெகாசஸ் கிராசிங் என்ற சிக்னல் கடவையைப் பார்ப்பீர்கள். சேணத்தில் உட்கார்ந்தபடியே அழுத்துவதற்காக அதில் பட்டன் ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். லண்டனுக்குள் ஹைட் பார்க் கார்னரிலேயே ஒன்று உண்டு.

ஏதாவது அசம்பாவிதம் நடந்துவிட்டால், காரை நிறுத்துவது சட்டப்படி கட்டாயம். குதிரைக்கு மட்டும் காயம் என்றாலும் அப்படித்தான். 1988ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 170ஆம் பிரிவு குதிரையைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. பெயர், முகவரி கொடுக்க வேண்டும். கொடுக்க முடியாவிட்டால் கூடிய சீக்கிரம், அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள், போலீசில் நேரில் சொல்ல வேண்டும். கவனக்குறைவாக ஓட்டியதாக முடிவானால் லைசென்ஸில் 3 முதல் 9 தண்டனைப் புள்ளி விழும். ஆள் விழுந்திருந்தால் வண்டியை நிறுத்திய பிறகு நான்கு இண்டிகேட்டரையும் போட்டு, அவசர உதவி எண்ணான 999க்கு அழையுங்கள். ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள். ஓடும் குதிரையைத் துரத்தாதீர்கள், துரத்தினால் இன்னும் ஓடும். எதிரே வரும் வண்டிகளை நிறுத்தச் சொல்வதுதான் அப்போது உங்களால் ஆகிற பெரிய உதவி.

அப்புறம், இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம்வரைதான் இந்திய லைசென்ஸில் ஓட்டலாம். பாதி முடிந்துவிட்டது. இங்குள்ள லைசென்ஸுக்கான தியரி தேர்வுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். குதிரையைப் பற்றிய கேள்விகள் அதிலும் வரலாம்.