தாத்தா பட்ட அடியும் பேரன் பெற்ற பட்டமும்

அன்புள்ள ஐயா,

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன் நான். என் தாத்தா இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் அமைத்த சயாம் மரண ரயில் பாதை வேலைக்குப் பிடித்துச் செல்லப்பட்டு மீண்டவர். அதைப் பற்றி வீட்டில் அவர் வாய் திறந்ததே இல்லை. பிற்காலத்தில் தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்டு, நாங்கள் லயத்தை, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டை, காலி செய்தோம். படிவம் மூன்றில் இருந்த அண்ணன் படிப்பை நிறுத்திவிட்டுச் செம்பனை ஆலைக்கு வேலைக்குப் போனான். என் பள்ளிப் பேருந்துக் கட்டணத்தைக் கட்டியவனும் அவன்தான். அண்மையில் பட்டதாரிகளுக்கு நடந்த பாராட்டு விழாவில் பேச்சாளர் ஒருவர், ‘சுடச்சுடரும் பொன்போல்’ என்ற குறளைச் சொல்லி, எங்கள் தாத்தாக்கள் பட்ட அடியே எங்களை உயர்த்தியது என்றார். அதே லயத்தில் அதே துன்பத்தில் வளர்ந்த அண்ணனை அது ஏன் உயர்த்தவில்லை?

க., சுங்கை சிப்புட்

*

அன்புள்ள க.,

அந்தக் குறள் ‘தவம்’ அதிகாரத்தில் வருவது. அங்கே பேசப்படுவது ஒருவர் தாமே விரும்பி ஏற்கும் துன்பம். வேண்டாம் என்று தோன்றினால் அவர் எழுந்து போய்விடலாம். சயாமுக்கு அனுப்பப்பட்ட தோட்டத் தொழிலாளிக்கு அந்த உரிமை இருக்கவில்லை. 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்த, ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமான அந்தப் பாதையோரத்தில் காலராவாலும் பட்டினியாலும் மாண்ட மலாயாத் தமிழர்களைத் துன்பம் புடம்போட்டது என்று யாரும் சொல்லத் துணியமாட்டார்கள். துன்பம் மனிதனை உருவாக்குகிறது என்று நாம் எளிதில் நம்பிவிடுவதற்குக் காரணம், சாட்சி சொல்ல வருபவர்கள் மீண்டவர்கள் மட்டுமே என்பதுதான். மீண்டவர்களிலும் உங்கள் தாத்தாவைப் போன்ற பலர் பேசாமலே போய்விட்டார்கள்.

ஒரே துன்பம் இருவரை இரு திசையில் விடுவதற்கு உங்கள் வீட்டைவிடப் பெரிய சான்று ஒன்று நம் வரலாற்றில் உண்டு. 1943இல் இந்திய தேசிய ராணுவத்தில் பெண்களுக்கான ஜான்சி ராணிப் படை அமைக்கப்பட்டபோது, அதில் சேர்ந்தவர்களில் பெரும்பகுதியினர் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள். கோலாலம்பூரில் வசதியான குடும்பத்தில் வளர்ந்த ஜானகியும் அதே படையில் சேர்ந்து, பர்மா வரை சென்று, 1945இல் பின்வாங்கும் படையின் துயரத்தைத் தாமும் அனுபவித்தவர். பின்னர் அவர் மலாயா இந்தியர் காங்கிரஸின் தொடக்கக் காலத்திலேயே அரசியலில் ஈடுபட்டு, மேலவை உறுப்பினராகி, 2000இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். அவருடைய துணிவையோ உழைப்பையோ நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவரோடு அணிவகுத்து நின்று, போர் முடிந்ததும் மறுபடி பால்வெட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டு விடியற்காலைப் பெரட்டுக்கு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் அணிவகுப்புக்கு) போன பெண்களும் அதே ஆண்டுகளைக் கடந்தவர்கள்தாம். வேறுபாடு அவர்கள் பட்ட துன்பத்தில் இல்லை. திரும்பி வந்தபோது கல்வியும் குடும்பமும் சிலருக்குத் திறந்து வைத்திருந்த கதவு, மற்றவர்களுக்குத் திறக்கவில்லை.

ஒடுக்குமுறை எதையுமே கற்றுத் தராது என்று நான் சொல்லமாட்டேன். அது பொறுமையையும், துரையின் முகக்குறிப்பை முன்கூட்டியே படிக்கும் கூர்மையையும் தருகிறது. மௌனத்தையும் அதே அளவுக்குப் பழக்கிவிடுகிறது. அந்த மௌனம் கலைவதற்கு வெளியிலிருந்து ஏதோ ஒன்று வர வேண்டியிருக்கிறது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் கூலி உயர்வோடு, வெள்ளைத் துரையைக் கண்டதும் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கவும் கோரி வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த அவமானம் புதியதன்று. புதிதாக வந்தவை சங்கமும், ஆர். எச். நாதனைப் போன்ற அமைப்பாளர்களும்தாம். நாதனை அரசாங்கம் நாடு கடத்தியது, போராடியவர்கள் துப்பாக்கியால் சுடப்பட்டார்கள் என்பதையும் சேர்த்தே நாம் சொல்ல வேண்டும்.

உங்கள் ஊருக்கே வருகிறேன். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960இல், மலாயா இந்தியர் காங்கிரஸின் தலைவராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 100 வெள்ளி (மலாயா டாலர்) மதிப்புள்ள பங்கை மாதம் 10 வெள்ளியாகச் செலுத்தி, தாங்கள் பால் வெட்டிய மண்ணின் பங்குதாரராகத் தொழிலாளர்களுக்கு அதனால் வழி பிறந்தது. சுங்கை சிப்புட்டின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த அவர் வறுமையில் வளர்ந்தவரல்லர். ரப்பர் நில உரிமையாளரின் மகன். லயத்தின் துன்பத்தில் உருவானவர்தாம் லயத்துக்கு வழிகாட்ட முடியும் என்ற மேடைப் பேச்சுக்கு அவரே போதுமான மறுப்பு. (தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் மீது எனக்குள்ள எரிச்சலை நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.)

இனி உங்கள் அண்ணன். நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் பேருந்துக் கட்டணத்தில்தான் உங்கள் கேள்விக்கான விடை இருப்பதாக நான் நினைக்கிறேன். லயத்தைக் காலி செய்த ஆண்டில் வீட்டுக்கு இன்னொரு சம்பளம் தேவைப்பட்டது. வேலைக்குப் போகக்கூடிய வயது அவருக்கு இருந்தது, உங்களுக்கு இல்லை. துன்பம் உங்களை வந்து சேருமுன் அவர் அதன் விலையைக் கட்டிவிட்டார். ஆகவே அது அவரை உயர்த்தவில்லை என்பதைப் போலவே, உங்களை உயர்த்தியதும் அதுவன்று. தாத்தாவின் பெயரைச் சொல்லிக் கைதட்டிய அந்த மண்டபத்தில், உயிரோடு இருக்கும் அண்ணனின் பெயர் ஒருமுறையும் சொல்லப்படவில்லை என்பது என்னை மிகவும் உறுத்தியது.

படிவம் ஐந்தின் இறுதியில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வைப் பள்ளியை விட்டு நின்றவர்களும் தனித் தேர்வராக எழுதலாம். அவருக்கு விருப்பமா என்று கேட்டுப் பாருங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். வேண்டும் என்றால், இம்முறை கட்டணத்தை நீங்கள் கட்டுங்கள்.