சரளமாக வாசிக்கும் மாணவருக்குப் பொருள் பிடிபடாதபோது

வணக்கம். உங்கள் ஏழாம் வகுப்பு மாணவர்கள் தடங்கலின்றி வாசித்தாலும், பாடத்தின் வரியை அப்படியே எடுத்தெழுத முடியாத வினா வந்தால் விழிப்பதாக எழுதியிருந்தீர்கள். உரக்க வாசிக்கும் பயிற்சியைக் கூட்டுவதால் இது தீராது. அவர்களிடம் சரளம் இருக்கிறது, சொல்லாமல் விடப்பட்டதை ஊகிக்கும் பழக்கம்தான் இல்லை.

“முத்து குடையை மடக்கி உதறிவிட்டு உள்ளே வந்தான்” என்று கரும்பலகையில் எழுதி, வெளியே என்ன நடக்கிறது என்று கேளுங்கள். மழை என்று சொன்ன மாணவர், ‘உதறிவிட்டு’ என்ற சொல்லைச் சுட்டிக்காட்டும் வரை விடாதீர்கள். விடையைவிடச் சான்றே முக்கியம்.

இது பழகியபின், அமெரிக்காவில் பணியாற்றிய ஆய்வாளர்கள் பாலின்சாரும் பிரவுனும் 1984-இல் விரிவாக எழுதிய முறையை முயலலாம்: சிறு குழு ஒரு பத்தியை வாசித்ததும், ஒருவர் அதைச் சுருக்கிச் சொல்லி, வினா எழுப்பி, புரியாத இடத்தைத் தெளிவுபடுத்தி, அடுத்து வருவதை ஊகிப்பார்; அடுத்த பத்திக்கு அப்பொறுப்பு வேறொருவருக்கு மாறும். முதலில் நீங்களே செய்துகாட்ட வேண்டும், இல்லையேல் “முத்து எதை மடக்கினான்?” என்ற வகை வினாக்களே வரும். ஒரு பாடவேளையில் ஓரிரு பத்திகளுக்கு மேல் நகராது என்பதால், பாடத்தை முடிக்கும் அவசரம் (யாருக்குத்தான் இல்லை) இல்லாத நாளில் தொடங்குங்கள்.